வெள்ளைத் துணியில் ஒரு மைதானம்

"நான் வரல. நீ போயி ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்லிட்டு வந்துரு" என்றான் பிச்சைமுத்து. விடிந்தும் விடியாத நேரம். ஈப்போ நகரத்துச் சிலிபின் கூலி லயத்து வாசலில் நின்று காக்கிக் கால்சட்டையின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தான். முந்தின நாள் பெய்த ஐப்பசி மழை தகரக்கூரையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. நல்லம்மாள் அடுப்பின் முன்னால் குந்தியபடி, "என்னான்னு சொல்ல?" என்று கேட்டாள். என்னவென்று அவளுக்குத் தெரியும். இன்னொரு தரம் கேட்டால் அவன் சொல் கொஞ்சம் இளகி வருமோ என்று ஒரு நப்பாசை.

"ராக்காயி ஆறு படிச்சது போதும்னு சொல்லு. தீவாளி கழிஞ்சதும் அவ அத்தைகிட்ட போறா." விளக்குமாற்றையும் வாளியையும் எடுத்துக்கொண்டு அவன் இறங்கி நடந்தான்.

ரப்பர் விலை உச்சாணிக்கொம்பில் ஏறி நின்ற வருஷம் அது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் அவனுடைய அக்கா மாரியம்மா பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்துக்கொண்டிருந்தாள். ஆள் போதவில்லை, பிள்ளையை அனுப்பு என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியனுப்பினாள். ராக்காயிக்குப் பன்னிரண்டு வயது. தோட்டத்தில் அந்த வயதுப் பிள்ளைகள் பால் பிடிக்கிற கோப்பை கழுவிக்கொண்டும் மரத்தில் காய்ந்த ஒட்டுப்பால் பொறுக்கிக்கொண்டும்தான் இருந்தார்கள். பெண் பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்று புருஷன் நினைக்கிறான் என்றுதான் நல்லம்மாள் எண்ணியிருந்தாள். அதில் அவளுக்குப் பெரிய வருத்தமும் இல்லை. எழுத்து என்பது அவளுக்கு அடுத்த வீட்டு நகை மாதிரி. பார்க்க அழகு, அவ்வளவுதான். ஆனால் ஒன்று மட்டும் அவளுக்கு விளங்கவே இல்லை. முதலாம் வகுப்பிலிருந்து மகளைத் தோளிலும் கையிலுமாகக் கூட்டிப் போனவன் அவன்தான். மழைக்காலத்தில் அவள் பாவாடை நனையாமல் தூக்கிக்கொண்டே போவான். அப்படிப் போனவன் ஒருநாளும் பள்ளிக்கூட வாசல் வரை போனதில்லை. தெருமுனைப் புளியமரத்தடியில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவான். வேலைக்கு நேரமாகிறது என்பான்.

குடும்பங்கள் கூடும் நாள் என்று பள்ளிக்கூட வாசலில் தென்னங்குருத்துத் தோரணம் கட்டியிருந்தார்கள். ராக்காயி அதிகாலையிலேயே போய்விட்டிருந்தாள். நல்லம்மாள் மஞ்சள் சேலையில் தனியாகப் போய், பெண்கள் பக்கத்துக் கடைசிப் பெஞ்சியில் ஒடுங்கி உட்கார்ந்தாள். முன்வரிசை நாற்காலிகளில் ரயில்வே ஆபீஸ் கிராணிகளும் கோட்டுப் போட்டவர்களும் இருந்தார்கள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் ஜவுளிக்கடை ஷரபுதீனின் மனைவி ஜொஹரா பீவி. அத்தர் மணத்தது. நல்லம்மாள் கொஞ்சம் நகர்ந்துகொண்டாள்.

தலைப்பாகையும் கறுப்புக் கோட்டுமாக ஹெட்மாஸ்டர் சதாசிவம் எழுந்து பள்ளிச் செய்திகளைச் சொன்னார். பிள்ளைகள் போட்ட கீரைப் பாத்தி நன்றாக வந்திருக்கிறது. கிணற்றுக்குச் சுவர் எழுப்பியாகிவிட்டது. கடைசியாக, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வருகிற வருஷம் முதல் ஏழாம் வகுப்பு தொடங்கப் போவதாகச் சொன்னார். பெண் பிள்ளைகளும் சேரலாம். யார் யார் தொடர்ந்து படிப்பார்கள் என்று பெற்றவர்கள் இன்றைக்கே தம்மிடம் வாயால் சொல்லிவிட்டால் போதும். முன்வரிசை கைதட்டியது. நல்லம்மாள் தட்டவில்லை. 'ஆறு போதும்ங்கய்யா' என்ற வாக்கியத்தை வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். அதைச் சொல்லிவிட்டால் போய்விடலாம். பெண்கள் கும்மியடித்தார்கள், பையன்கள் சாக்குக்குள் காலை விட்டுக் குதித்து ஓடி விழுந்தார்கள், அவள் வாக்கியம் மட்டும் தொண்டைக்கு வரவே இல்லை.

"அம்மா, வாங்க. எங்க வகுப்புல இருட்டறை வச்சிருக்கோம்" என்று ராக்காயி வந்து கையைப் பிடித்து இழுத்தாள். ஜொஹரா பீவியும் தன் மகளோடு பின்னாலேயே வந்தாள்.

ஆறாம் வகுப்பு அறையின் சன்னல்களையெல்லாம் கோணியும் கறுப்புத் துணியும் வைத்து அடைத்திருந்தார்கள். கதவைச் சாத்தியதும் கண் அவிந்தது போலாகிவிட்டது. "யாரும் அசையாதீங்க. கண்ணு பழகணும்" என்று ராக்காயியின் குரல் கேட்டது. அது மகளின் குரல் என்று நல்லம்மாளுக்கு உடனே பிடிபடவில்லை. வீட்டில் தண்ணீர் கேட்பதற்குக்கூட முணுமுணுக்கிற பிள்ளை இங்கே பத்துப் பதினைந்து பெரியவர்களை உட்கார வைத்து அதட்டிக்கொண்டிருந்தது. "சன்னல் பலகையில ஒரு ஓட்டை போட்டு மூக்குக்கண்ணாடிச் சில்லு பதிச்சிருக்கோம். இப்ப மூடியை எடுக்கப் போறேன். எதுக்க துணியைப் பாருங்க."

தொங்கவிட்டிருந்த வெள்ளைத் துணியில் முதலில் பால் கலங்கினது போல ஏதோ ஒன்று. பிறகு நிறம் ஊறியது. அடியில் நீலம். அந்த நீலத்துக்கு மேலே, ஈப்போவைச் சுற்றி நிற்கிற சுண்ணாம்பு மலைகள் உச்சி கீழாகத் தொங்கின. அவற்றின் வெள்ளைப் பாறைகளும் பச்சைப் புதர்களும் அப்படியே இருந்தன. தூங்குமூஞ்சி மரம் தலைகீழாய்க் கிளை விரித்திருந்தது. அதன் இலைகள் அசைந்தன. படமென்றால் அசையுமா? மேலே, கூரையில் ஒட்டிக்கொண்டு நடப்பவர்களைப் போல, விரலளவு மனிதர்கள் மைதானத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்ணின் சிவப்புப் பாவாடை, ஒரு பையன் விழுந்து எழுந்தது, ஒரு நாய். எல்லாம் உயிரோடு இருந்தன.

"யா அல்லா" என்றாள் ஜொஹரா பீவி, மூச்சுக்குள். அவள் விரல்கள் நல்லம்மாளின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டன. நல்லம்மாளுக்குத் தன் கை யாரிடம் இருக்கிறது என்ற நினைவே இல்லை. உடம்பெல்லாம் சிலிர்த்து நின்றது. ஒரு வெற்றிலைக் காம்பு நுழைகிற ஓட்டை, அவ்வளவுதானே. அதன் வழியாக ஒரு மலை எப்படி உள்ளே வந்தது? மரம் எப்படி வந்தது? கோயிலில் திரை விலகும்போதுகூட அவளுக்கு இப்படி ஆனதில்லை.

"பயப்படாதீங்கம்மா, நம்ம மைதானந்தான்" என்றாள் ராக்காயி. "வெளிச்சம் நேராத்தான் நடக்கும். உச்சியிலேருந்து வர்றது ஓட்டைக்குள்ள நுழைஞ்சு கீழ போயிரும், கீழேருந்து வர்றது மேல போயிரும். அதான் தலைகீழா தெரியுது. எப்பவும் இது வந்துக்கிட்டேதான் இருக்கு. நாம இருட்டு பண்ணாத்தான் தெரியுது."

எப்பவும் வந்துகொண்டே இருக்கிறது. நல்லம்மாள் அதை மனதுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். அப்போதுதான் துணியின் ஓரத்தில், பள்ளிக்கூட வாசலருகே, ஒரு மனிதன் தெரிந்தான்.

வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. வாசல் வரை வந்தான், நின்றான், திரும்பிப் போனான். மறுபடி வந்தான். இடது தோளைச் சற்றே தாழ்த்தி வைக்கிற அந்த நடையைத் தலைகீழாகப் பார்த்தாலும் அவளுக்குத் தெரியாதா? வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க் குளித்து, பெட்டிக்குள் கிடந்த கல்யாணச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். வாசலுக்கு வெளியே கிடந்த மழைத்தண்ணீரில் குனிந்து காலைக் கழுவினான். துண்டால் துடைத்தான். பிறகு இரண்டு கைகளையும் சேர்த்து முகத்துக்கு நேரே கொண்டுபோனான். அப்படியே வைத்திருந்தான். இறக்கி, வேட்டியில் தேய்த்து, மறுபடியும் கொண்டுபோனான். சாயங்காலம் குளித்துவிட்டு மகளிடம் போகுமுன் அவன் செய்வதுதான் இது. முகம் துடைக்கிறான் என்றே இத்தனை நாளும் அவள் நினைத்திருந்தாள். அவன் கைகளை முகர்ந்து பார்க்கிறான்.

ஊர்ச் சாக்கடையின் வாடை. புளியமரத்தடியோடு நின்றுபோன அத்தனை காலைகளும் ஒருசேர அவள் முன்னால் வந்து நின்றன.

"யாரு அது? வாசல்லயே நிக்கிறாரே, உள்ள வரப்படாதா?" என்றாள் ஜொஹரா பீவி.

துணியருகே நின்ற ராக்காயி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, முன்பு அதட்டிய அதே குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி, "அது எங்க அப்பா" என்றாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு மேகம் சூரியனை மறைத்தது. மலைகள் மங்கின, மரம் கரைந்தது. வாசலில் நின்றவன் உள்ளே காலெடுத்து வைத்தானா, திரும்பிப் போனானா என்று தெரியுமுன் துணி வெறும் துணியாகிவிட்டது. நல்லம்மாள் இருட்டில் கதவைத் தடவித் திறந்துகொண்டு வெளியே ஓடினாள். வெளிச்சத்தில் கண் கூச, யார் யாரையோ இடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அவன் புளியமரத்தை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தான்.

"ஏங்க!"

திரும்பினான். திருடிப் பிடிபட்டவன் முகம். "சும்மா இந்தப் பக்கமா வந்தேன் லா" என்றான். "சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல. வாங்க உள்ள."

"வேணாம் புள்ள. முன்னால உக்காந்திருக்கவனுங்க எல்லாம் எனக்குத் தெரிஞ்ச ஆளுங்க. அவனுங்க வீட்டு லோங்காங் சாக்கடையெல்லாம் நாந்தான் கழுவுறேன். அப்பன் யாருன்னு தெரிஞ்சா நம்ம புள்ள கூட எவ குந்துவா? ஏழு எட்டுன்னு மேல போகப் போக இன்னும் பெரிய எடத்துப் புள்ளைங்க வரும். தோட்டத்துல அந்தத் தொல்லை இல்ல பாரு."

நல்லம்மாளுக்கு என்னென்னவோ சொல்ல வந்தது. "அது சொல்லிருச்சு" என்றாள்.

"என்னா சொல்லுச்சு?"

"எங்க அப்பான்னு சொல்லுச்சு. எல்லாரும் இருக்கும்போது. நாங்க உள்ளேருந்து உங்களப் பாத்துக்கிட்டுதான் இருந்தோம்."

அடைத்துக் கிடந்த சன்னல்களை அவன் நிமிர்ந்து பார்த்தான். ஒன்றும் புரியவில்லை. கைகளை மட்டும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். அவள் ஒரு கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து, விடாமல், மைதானத்தின் நடுவழியாகவே கூட்டிப்போனாள். கல்யாணமான நாளுக்குப் பிறகு நாலு பேர் பார்க்க அவள் அவன் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.

தாழ்வாரத்தில் ஹெட்மாஸ்டர் எதிர்ப்பட்டார். "ராக்காயியின் தகப்பனாரா? வாருங்கள். என்ன முடிவு செய்தீர்கள்?"

காலையிலிருந்து உருட்டிக்கொண்டிருந்த வாக்கியத்தை நல்லம்மாள் தேடினாள். அது அங்கே இல்லை. "எம் மவ ஏழாவது படிப்பாங்கய்யா" என்று சொன்னது தன் குரல்தான் என்று அவளுக்கே பிறகுதான் தெரிந்தது. பக்கத்தில் பிச்சைமுத்து தொண்டையைச் செருமினான். மறுக்கப் போகிறான் என்று அவள் அவன் கையை இன்னும் இறுக்கினாள். அவன் தரையைப் பார்த்தபடி, "ஏழாவதுக்கும் நீங்கதான் வாத்தியாருங்களா?" என்று கேட்டான். வீட்டுக்குப் போனபின் என்ன சொல்வானோ, சுங்கை சிப்புட்டுக்கு என்ன பதில் போகுமோ, அதெல்லாம் இனிமேல்தான்.

இருட்டறைக் கதவைத் திறந்துகொண்டு ராக்காயி எட்டிப் பார்த்தாள். "அப்பா, சீக்கிரம் வாங்க. வெயிலு வரப் போவுது." அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, சாமி சன்னிதிக்குள் போகிறவனைப் போலக் குனிந்து உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது.

நல்லம்மாள் உள்ளே போகவில்லை. மைதானத்துக்கு இறங்கி, அந்தச் சன்னலுக்கு நேர் எதிரே போய் நின்றாள். மேகம் ஒருபக்கமாக விலகி வெயில் பளீரென்று அடித்தது. பலகையின் நடுவில் கண்ணாடிச் சில்லு ஒரு பொட்டுப்போல மின்னியது. அதன் பின்னால் இருட்டில் அவன் என்ன செய்துகொண்டிருப்பான் என்று அவளுக்குத் தெரியவில்லை. சேலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றாள். வெயிலோடு வெயிலாகத் தூறல் விழத் தொடங்கியது. கும்மியடித்த பெண்கள் கூவிக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடினார்கள். அவள் நகரவில்லை. உள்ளே, அந்த வெள்ளைத் துணியில், மலைகள் தொங்க, மரம் தொங்க, அவளைத் தாண்டி மழை கீழிருந்து மேலே போய்க்கொண்டிருக்கும்.