பதில் வராமல் கை வைக்காதே

பட்டன் தைக்கிற தடித்த ஊசியின் முனையை அந்தச் சின்ன ஓட்டைக்குள் விட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். முதலில் கொண்டைஊசியை வைத்துப் பார்த்தாள், வளைந்துவிட்டது. பழைய ரூட்டர் சாப்பாட்டு மேஜையின் மேல் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

"விடட்டுமாங்க?"

"நான் சொல்ற வரைக்கும் விடாதே," என்று பின்னறையிலிருந்து கணவரின் குரல் வந்தது. "லைட்டெல்லாம் ஒருதடவ அணைஞ்சு திரும்ப வரணும். வந்துச்சா?"

எட்டிப் பார்த்தாள். "அணைஞ்சுடுச்சு... ம், வந்துடுச்சு."

"சரி. விடு."

"விட்டாச்சு."

நாற்பது வருடமாக அவர்கள் வீட்டில் வேலை இப்படித்தான் நடந்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக். உச்சியில் மோட்டார் அறையில் ஒருவர் நிற்பார். கீழே, இருட்டில், லிஃப்டின் கூரைமேல் இன்னொருவர் நிற்பார். மேலே இருப்பவர் செய்யப்போவதைக் கத்திச் சொல்ல வேண்டும். கீழே இருப்பவர் 'சரி' என்ற பிறகுதான் சுவிட்சைத் தொடலாம். பதில் வராமல் கை வைக்கக்கூடாது. இந்தச் சட்டத்தை அவர் அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். கேஸ் சிலிண்டர் மாற்றுவது, மின்விசிறி துடைப்பது, கடைசியில் குழம்புக்கு உப்புப் போடுவது வரைக்கும் கூப்பாடும் பதிலும்தான். "நம்ம வீட்டுல லிஃப்ட்தான் இல்ல, மோட்டார் ரூம் இருக்கு" என்று மகள் கேலி செய்வாள்.

வீடு ரயில்பெட்டி மாதிரி நீளமானது. முன்னறை, சமையலறை, ஒரு நடை, அதற்குப் பிறகு பின்னறை. இணையம் வந்து இறங்குவது முன்னறையில். சமையலறைச் சுவரைத் தாண்டும்போதே சிக்னல் செத்துவிடும். இரண்டு பக்கமும் பெரிய கட்டடங்கள் எழும்பிவிட்டதால் வெளியிலிருந்தும் ஒன்றும் நுழையாது. அந்தப் பின்னறையில்தான் அவர் ஆக்சிஜன் மெஷினோடு படுத்திருந்தார். நுரையீரல் இரண்டும் கிட்டத்தட்டக் கைவிட்டாயிற்று. முன்னறைக்கு வாங்க, காற்றாவது வரும் என்றால் கேட்க மாட்டார். "வர்றவன் போறவனெல்லாம் எட்டிப் பார்க்க நான் என்ன ஷோரூம் பீஸா?"

மகள் கடல் தாண்டி இருந்தாள். நிறைமாதம். விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். தினமும் மாலையில் கூப்பிடுவாள். இவள் முன்னறையில் எடுத்து, பேசிக்கொண்டே பின்னறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். நடைக்கு வருவதற்குள் படம் நின்றுவிடும். குரலும் அறுந்து அறுந்து வரும்.

"நேத்து முழுக்கக் கொட்டாவி விட்டபடியே நின்னா," என்றார் அவர். "முந்தாநாள் ஒரு கண்ணு மூடி, ஒரு கண்ணு திறந்து. என் பொண்ணு வாய் அசையறதைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

"கடையில புதுசா ஒண்ணு வாங்கிட்டு வந்துடறேன்னா விட மாட்டேங்கறீங்க."

"பரண்ல பொட்டி ஒண்ணு சும்மா கிடக்கும்போது எதுக்குப் புதுசு?"

எதையும் தூக்கிப் போடாத மனிதர். அந்த ரூட்டரைச் செய்த கம்பெனி அதற்கு மென்பொருள் அனுப்புவதை எப்போதோ நிறுத்திவிட்டது. ஆனால் இப்படிக் கைவிடப்பட்ட பெட்டிகளுக்கென்றே உலகத்தில் சில பேர் உட்கார்ந்து வேறு மென்பொருள் எழுதி இலவசமாகப் போட்டுவைத்திருக்கிறார்களாம். அதை ஏற்றினால் முன்னறைச் சிக்னலை இது வாங்கி, பின்னறைக்குத் தள்ளிவிடும். அவரே மகளின் பழைய லேப்டாப்பில் அந்தக் கோப்பை இறக்கி வைத்திருந்தார். ஏற்றுவதற்குள் படுத்துவிட்டார்.

"முகம் தெரியாதவன் எவனோ எழுதி வச்சிருக்கான் பாரு. போட்டா இன்னும் பத்து வருஷம் ஓடும்."

"உங்களுக்கும் எவனாவது எழுதி வச்சிருக்கானான்னு தேடிப் பாருங்க."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் பிடித்தது. அதற்குப் பிறகு அன்றைக்கு அவள் வேடிக்கையாக எதுவும் பேசவில்லை.

"இப்ப அடியில ஒட்டியிருக்கிற சீட்டைப் படி," என்றார். "மாடல் நம்பர், அதுக்குப் பக்கத்துல வெர்ஷன்னு போட்டிருக்கும்."

கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு படித்தாள். எழுத்து எழுத்தாக. பிறகு லேப்டாப்பில் இருந்த கோப்பின் பெயரையும் அதே மாதிரி படித்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதானே? நல்லாப் பார்த்துக்க. மாறிப்போனா பொட்டி செங்கல்தான்."

"செங்கல்னா?"

"செங்கல்னா செங்கல். கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம். வேற எதுக்கும் ஆகாது."

மறுபடி ஒருமுறை விரல் வைத்துப் படித்தாள். அளவு எடுத்துத் துணியில் கத்தரி வைப்பதற்கு முன்னால் இரண்டாம் முறை நாடா பிடித்துப் பார்ப்பது அவள் பழக்கம். வெட்டிய துணியை ஒட்ட முடியாது. "ஒண்ணுதாங்க."

"சரி. வயரை லேப்டாப்புல சொருகு."

"சொருகியாச்சு."

"சரி. நான் சொன்ன பக்கத்தைத் திற. ஃபைலைத் தேர்ந்தெடு. கீழே ஒரு பட்டன் இருக்கும். டைலரம்மா, இதுக்கப்புறம் பவரை மட்டும் எடுத்துடாதே. பாதியில நின்னா அவ்வளவுதான்."

"அது பாட்டுக்கு ஓடட்டும். நான் அங்க வந்து உட்காரட்டுமா?"

அவர் உடனே சொல்லவில்லை. மூச்சைத் தேற்றிக்கொள்கிறார் என்று நினைத்தாள்.

"வேணாம். அங்கேயே இரு. பக்கத்துல ஆள் இருக்கணும். பிளக் லூஸா வேற இருக்கு."

"சரி."

"போடு."

"போட்டாச்சு."

"சரி," என்றார். கொஞ்சம் கழித்து, "பாப்பாகிட்ட இப்பச் சொல்லிடாதே. சாயங்காலம் அவளா பார்த்து அசந்து போகட்டும்" என்றார்.

விளக்குகள் ஒன்று மாற்றி ஒன்று துடித்தன. லேப்டாப்பில் ஒரு நீலக் கோடு எறும்பு மாதிரி நகர்ந்தது. தளர்ந்திருந்த பிளக்கை ஒரு விரலால் ஏந்திப் பிடித்துக்கொண்டாள். தையல் மெஷினில் பாதிக் கோட்டில் காலை எடுக்காத கால் அவளுக்கு. இதுவும் அப்படித்தான் என்று பட்டது. பின்னறையில் ஆக்சிஜன் மெஷின் தன் ஒரே சத்தத்தை விடாமல் போட்டுக்கொண்டிருந்தது. சமையலறைக் குழாய் சொட்டியது. எழுந்துபோய் இறுக்கலாமா என்று பார்த்தாள். எழவில்லை.

எல்லா விளக்கும் அணைந்தன. பிறகு ஒன்று எரிந்தது, துடித்தது, கடைசியில் அசையாமல் நின்றது.

"வந்துடுச்சுங்க!"

பதில் இல்லை.

"வந்துடுச்சு! செங்கல் ஆகல. அடுத்து என்ன?"

மெஷின் சத்தம் மட்டும் வந்தது. கை தானாக லேப்டாப்பை நோக்கிப் போனது. பாதியில் நின்று மேஜைமேல் இறங்கியது. தூங்கியிருப்பார். மத்தியானத்தில் இப்படிக் கண்ணசருவது உண்டு. அவர் சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். மேஜைத் துணியில் நூல் பிரிந்திருந்த ஓரத்தை நீவினாள். நீவி முடித்த பிறகும் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் முறை கூப்பிட வாய் வரவில்லை. அவர் விழித்துவிடுவாரோ என்கிற மாதிரி நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்தி எழுந்தாள். போகிற வழியில் சமையலறைக் குழாயை இறுக்கினாள். அதன் பிறகுதான் நடையைத் தாண்டினாள்.

அவர் முகம் கதவுப் பக்கம் திரும்பியிருந்தது.

பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர் வந்து கையைப் பிடித்துப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மூக்கிலிருந்து குழாயை எடுத்துவிட்டு, மெஷினின் பக்கம் குனிந்து சுவிட்சில் விரலை வைத்தார்.

"அணைச்சுடட்டுமாக்கா?"

அவர் அந்த மாதிரியே குனிந்து நின்றார். நல்ல மனிதர். அவசரப்படவில்லை. மெஷின் யாருக்கோ காற்று ஊதிக்கொண்டிருந்தது.

"சரி," என்றாள்.

அதற்குமுன் அந்த வீடு அவ்வளவு அமைதியாக இருந்து அவள் கேட்டதில்லை.

அவரை முன்னறைக்குக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். அவரோடு வேலை பார்த்தவர்கள் நான்கு பேர் வந்துதான் தூக்கினார்கள். கதவு நிலையில் எங்கும் இடிக்காமல், ஒருவரை ஒருவர் பார்த்துப் பார்த்து, கனமான மோட்டாரை இறக்குகிறவர்கள் மாதிரி கொண்டுவந்தார்கள். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் எழுந்துபோய் ஜன்னல் கதவைச் சாத்தினாள். காற்று வேண்டாமா என்று யாரோ கேட்டார்கள். வேண்டாம் என்றாள்.

மகளுக்கு அவள்தான் சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்பது பிறகு நினைவில்லை. மகள் அழுது ஓய்ந்து, அப்பாவைப் பார்க்க வேண்டும் என்றாள். இவள் கையை நீட்டி அவர் முகத்துக்கு நேராக ஃபோனைப் பிடித்தாள். முன்னறையில் சிக்னலுக்கு என்ன குறை.

வெகுநேரம் அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை.

"அம்மா, படம் நின்னுடுச்சும்மா."

அவளுக்குக் கை வலித்தது. மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"இல்ல பாப்பா," என்றாள். "ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

எல்லாம் முடிந்தது. உறவுக்காரர்கள் இரண்டு நாள் இருந்து, பாத்திரங்களை இடம் மாற்றிக் கழுவி வைத்துவிட்டுப் போனார்கள். நாத்தனார் மட்டும் போகும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "தனியா இருக்காதீங்க அண்ணி, எங்ககூட வந்துடுங்க" என்றாள். "வர்றேன், வர்றேன்" என்றாள் இவள், வரப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரிந்தே. கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது சாப்பாட்டு மேஜை கண்ணில் பட்டது. தட்டுகளுக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவே அந்தப் பெட்டி அப்படியே இருந்தது. இவ்வளவு கூட்டத்தில் ஒருவரும் பிளக்கைப் பிடுங்கவில்லை. விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

உட்கார்ந்தாள். லேப்டாப்பைத் திறந்தாள். அவள் பார்த்திராத ஒரு புதுப் பக்கம் வந்தது. சுத்தமாக, வெறுமையாக, பழைய கம்பெனியின் பெயர் எங்கும் இல்லாமல் இருந்தது. இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்று படுத்துக்கிடந்தவர் எத்தனையோ முறை அவளிடம் ஒப்பித்திருந்தார். கேட்காதது மாதிரி துணி மடித்துக்கொண்டிருப்பாள். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் போலிருக்கிறது. வயர்லெஸ் என்கிற இடத்தைத் திறந்தாள். சுற்றுவட்டாரத்துச் சிக்னல்களைத் தேடச் சொன்னாள். முன்னறை ரூட்டரின் பெயர் வரிசையில் வந்து நின்றது. அதன் கடவுச்சொல்லைக் கேட்டது. மகளின் செல்லப்பெயரும் அவள் பிறந்த வருடமும். அடித்தாள். ஒரு எழுத்துத் தப்பி, மறுபடி அடித்தாள்.

கீழே ஒரு பட்டன் இருந்தது.

"போடட்டுமாங்க?"

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. பழக்கத்தில் காத்திருந்தாள். குழாய் சொட்டவில்லை. மெஷினை வாடகைக்குக் கொடுத்தவர்கள் காலையிலேயே வந்து எடுத்துப் போயிருந்தார்கள்.

பதில் வரவில்லை. அவள் கை வைத்தாள்.

பெட்டியை நடையில், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்துத் தட்டில் ஏற்றி வைத்தாள். பிளக் இங்கே லூஸாக இல்லை. ஆனாலும் ஒருமுறை அழுத்திவிட்டாள். பிறகு ஃபோனை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். மெத்தையைச் சுருட்டிவிட்டிருந்தார்கள். வெறுங்கட்டிலில் உட்கார்ந்தாள். மெஷின் நின்ற இடத்தில் தரை மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது. ஃபோனின் மூலையில் கோடுகள் முழுசாக நின்றன.

வழக்கமான நேரத்துக்கு மகள் கூப்பிட்டாள்.

தலைக்குக் குளித்திருந்தாள். காதோரம் ஈரம் சொட்டுவதுகூடத் தெரிந்தது. பின்னால் ஒரு திரைச்சீலை காற்றில் உள்ளே வந்து வெளியே போனது.

"சாப்பிட்டியாம்மா?"

"ஆச்சு. நீ?"

"ம். குழந்தை உதைச்சுக்கிட்டே இருக்கு. தூங்கவே விட மாட்டேங்குது." பேசிக்கொண்டே வந்தவள் ஃபோனுக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்தாள். "எங்கம்மா உட்கார்ந்திருக்கே? ஹாலா?"

"இல்ல."

"பின்னாடி சுவரு பச்சையா..."

"பின்னறையில."

மகளின் வாய் ஏதோ சொல்லத் திறந்தது. சொல்லவில்லை. அப்படியே அவளைப் பார்த்தாள். இவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு லேசாகப் பிரிந்து, புருவம் கொஞ்சம் ஏறி, அந்த முகம் நின்றது. திரைச்சீலையும் நின்றிருந்தது. எந்தச் சத்தமும் இல்லை.

எப்போதும் செய்கிறபடி எழுந்து, ஃபோனை நடையின் பக்கம் தூக்கிப் பிடித்தாள். மூலையில் கோடுகள் குறையாமல்தான் நின்றன.

மகள் கண் சிமிட்டினாள்.