படாத பந்து

கோவிந்தராசு சார் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது சுஹைனா ஒரு குடும்பத்துக்கு ஜித்தா டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கத்தான் நினைத்தாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. காரைக்காலில் டென்னிஸ் சொல்லிக்கொடுத்த ஒரே ஆள் அவர்தான். ஒரு காலத்தில் அவர் விசில் சத்தம் கேட்டாலே அவள் ஓடிப்போய் வரிசையில் நிற்பாள்.

"நம்ம கோர்ட்ட புதுசாப் போட்டிருக்காங்கம்மா. சிமெண்ட் தரையெல்லாம் எடுத்துட்டு சிந்தெடிக் போட்டாச்சு. ஞாயித்துக்கெழம தொறப்பு விழா. கீர்த்திகாதான் வந்து தொறக்குறா. நீயும் மேடையில இருக்கணும்."

"நா எதுக்கு சார்?"

"என்னம்மா இப்படிக் கேக்குற? இந்த ஊர்லேருந்து அகில இந்திய ஃபைனலுக்குப் போனது நீங்க ரெண்டு பேருதான். அதுக்கப்புறம் ஒரு ஆளு போவல."

அழைப்பிதழில் கீர்த்திகாவின் படம் பெரியதாக இருந்தது. வருமான வரித்துறை அதிகாரி, நேர்மைக்கான விளையாட்டு விருது பெற்றவர் என்று கீழே போட்டிருந்தார்கள். சுஹைனாவின் பெயர் கடைசி வரியில், 'மற்றும்' என்ற சொல்லுக்குப் பிறகு வந்தது.

அவர் போனதும் பக்கத்து மேசையிலிருந்து அவள் கணவன் அஜ்மீர், "போயிட்டு வாயேன்" என்றான். டிராவல்ஸை இருவரும் சேர்ந்துதான் நடத்தினார்கள். கல்யாணமாகி அவள் வீட்டோடு வந்தபோதே அந்த ஃபைனல் கதை அவனுக்குத் தெரியும். ஊர் சொன்ன மாதிரி தெரியும். "எத்தன வருசமாச்சு. சின்னப் புள்ளையில நடந்தது. இன்னும் அதையே நெஞ்சுல வச்சிக்கிட்டு இருந்தா எப்படி?"

"நா எங்க மச்சான் வச்சிருக்கேன்?" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த பாஸ்போர்ட்டை எடுத்தாள்.

கீர்த்திகா பக்கத்துக் கிராமமான சுரக்குடிப் பெண். அவள் அப்பா வைத்தியலிங்கம் வயலுக்குப் போகிற வழியில் அவளை டிவிஎஸ் ஃபிப்டியில் கொண்டுவந்து கோர்ட்டில் இறக்கிவிட்டுப் போவார். சுஹைனாவை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவது அவள் வாப்பா சேக் பரீது. ஷார்ஜாவில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு வந்த மனிதர். அங்கே வேலை பார்த்த கடையில் டென்னிஸ் ராக்கெட் விற்பார்களாம். மகள் பிறந்த பிறகு ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் ஒரு ராக்கெட் வரும். வயசுக்கு வந்த பெண்ணைப் பொட்டலில் ஓடவிடுகிறாரே என்று தெருவில் பேச்சு எழுந்தபோது, "எம்புள்ள தலையில தொப்பி, முழுக்காலும் மூடித்தான் ஆடுது. ஒங்களுக்கு எங்க நோவுது?" என்று நேராகக் கேட்டார். அதற்குப் பிறகு யாரும் அவர் முகத்துக்கு நேரே பேசவில்லை.

இரண்டு பெண்களும் இரட்டையர் ஆட்டத்தில் ஒட்டிக்கொண்டார்கள். கீர்த்திகா பின்னால் நின்று எதையும் திருப்பி அடிப்பாள். சுஹைனா நெட் அருகில் நின்று எதிராளியின் பந்தைக் காற்றிலேயே வெட்டுவாள். தில்லியில் நடந்த பதினெட்டு வயதுக்குட்பட்டோர் போட்டிக்குப் புதுச்சேரி அணியில் போனார்கள். கோவிந்தராசு சாரும் கூடப் போனார். முதல் சுற்றிலேயே தோற்று, தாஜ்மகாலைப் பார்த்துவிட்டு வருவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஒவ்வொரு சுற்றாக ஏறி ஃபைனலுக்கு வந்துவிட்டார்கள். எதிரே ஹைதராபாத் பெண்கள். ஆளுக்கொரு செட் எடுத்து, கடைசியில் பத்துப் புள்ளி டைபிரேக்கில் வந்து நின்றது. ஒன்பதுக்கு எட்டு. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை இவர்களுக்கு.

அந்தப் புள்ளியை சுஹைனா எத்தனை தடவை கனவில் ஆடியிருப்பாள் என்று சொல்ல முடியாது. எதிராளி ஓங்கி அடித்த பந்து அவள் தலைக்கு மேலே வந்தது. வெட்டத் தூக்கிய ராக்கெட்டை, பந்து வெளியே போகிறது என்று கண் சொன்ன அந்தக் கணத்தில் இழுத்துக்கொண்டாள். பந்து கோட்டுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. 'அவுட்' என்று குரல் கேட்டது. அவள் ராக்கெட்டை வீசிவிட்டுத் திரும்பினாள், கீர்த்திகாவைக் கட்டிக்கொள்ள.

கீர்த்திகா ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தாள்.

"டச் சார்" என்றாள் அம்பயரைப் பார்த்து. "அவ ராக்கெட்ல பட்டிச்சு." ராக்கெட்டில் பட்ட பந்து வெளியே விழுந்தால் புள்ளி எதிராளிக்குத்தான்.

"படலடி!" என்று கத்தினாள் சுஹைனா. அம்பயரிடம் ஓடினாள். தெரிந்த ஆங்கிலத்தில், தெரிந்த இந்தியில், கடைசியில் தமிழில் சொன்னாள். அவர் அவளைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது. உன் கூட ஆடுகிறவளே சொல்கிறாளே, அதற்குமேல் நான் என்ன செய்ய என்று கையை விரித்தார். புள்ளி எதிர்ப்பக்கம் போயிற்று. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று கீர்த்திகாவுக்குக் கை தட்டினார்கள். அடுத்த இரண்டு பந்தையும் சுஹைனா நெட்டிலேயே அடித்தாள். தோற்றார்கள்.

மறுநாள் பேப்பரில் கீர்த்திகாவின் படம் வந்தது. கோப்பை ஜெயித்தவர்களின் படம் சின்னதாக உள்ளே வந்தது. காரைக்காலில் ரயிலிலிருந்து இறங்கியபோது மாலையோடு நின்றவர்கள் கீர்த்திகாவைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். சென்னையில் ஒரு கல்லூரி அவளைக் கூப்பிட்டு இடம் கொடுத்தது. அதன் பிறகு விருது, அதன் பிறகு வேலை. சுஹைனாவை யாரும் திட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் நேர்மை பற்றிப் பேசும்போதெல்லாம் ஆசிரியர்கள் கீர்த்திகா பெயரைச் சொல்வார்கள். சொல்லிவிட்டு சுஹைனா பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபடுவார்கள். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

ஊருக்கு வந்த அன்று வாப்பா அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"பட்டிச்சாம்மா?"

"படல வாப்பா. அல்லா மேல ஆணையா படல."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பட்டிருந்தா ஒத்துக்கிடுறதுதாம்மா அழகு. நமக்கு மானம்தான் பெருசு" என்றார். அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வரும்போது, "ஒங்க மவ மறைச்சிருச்சாமே, அந்த இந்துப் புள்ள சொல்லித்தான் தெரிஞ்சிச்சாமே" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். தெருவையே எதிர்த்து நின்ற மனிதர் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து அவர் ஸ்கூட்டரை எடுக்கவில்லை. பயிற்சிக்குப் போகிறாயா என்று கேட்கவுமில்லை. சுஹைனாவும் கேட்கவில்லை. உம்மா பத்ருன்னிசா ராக்கெட்டுகளைப் பழைய புடவையில் சுற்றிப் பரண்மேல் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு அவள் போனாள். நீலமும் பச்சையுமாகத் தரை பளபளத்தது. ஆறேழு பெண் பிள்ளைகள் புது ஷூ போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கீர்த்திகா காரிலிருந்து இறங்கி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சுஹை, எப்படிடி இருக்க? அப்படியே இருக்கியேடி!" என்றாள். உண்மையான சந்தோஷம் அவள் முகத்தில் இருந்தது. சுஹைனாவுக்கே ஒரு நிமிஷம் பழைய பாசம் எட்டிப் பார்த்தது. இதை இத்தோடு விட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் மேடையில் உட்கார்ந்தாள்.

கீர்த்திகா நன்றாகப் பேசினாள். பேசிப் பேசிப் பழகியவள். அந்தக் கடைசிப் புள்ளிக்கு வந்தபோது கூட்டம் மூச்சுவிடாமல் கேட்டது.

"அன்னிக்கு நா கையத் தூக்குனதும் என் பார்ட்னருக்குக் கோவம் வந்துச்சு. வரும்ல? சின்ன வயசு. ஆனா ராத்திரி ரூமுக்கு வந்து என்னக் கட்டிப்புடிச்சிக்கிட்டு அழுதா. 'நீ செஞ்சதுதான் கீர்த்தி சரி, எனக்குத்தான் சொல்ல தைரியம் வரல'ன்னு சொன்னா. அந்த மனசு யாருக்கு வரும்? உண்மையான ஹீரோ என் சுஹைதான்."

கைதட்டல் எழுந்தது. எல்லோரும் சுஹைனாவைப் பார்த்தார்கள், அவளை மன்னித்துவிட்ட முகத்தோடு. தில்லியில் அன்று இரவு அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். கீர்த்திகாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர் வந்து சேரும்வரை இருவரும் வேறு வேறு பெட்டியில் உட்கார்ந்து வந்தார்கள்.

சுஹைனா எழுந்து போய் மைக்கை வாங்கினாள்.

"நா கட்டிப்புடிக்கல. அழுவல. அப்படி எதுவும் சொல்லல. பந்து எம்மேல படல. அன்னிக்கும் இதத்தான் சொன்னேன். இன்னிக்கும் இதான்."

கோவிந்தராசு சார் பதறிக்கொண்டு வந்தார். அவள் அவரைப் பார்த்து, "சார், நீங்க கோர்ட் ஓரத்துலதான உக்காந்திருந்தீங்க? பட்டத நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டாள். கேள்வி மைக்கில் எல்லோருக்கும் கேட்டது.

அவர் மைக்கை மெல்ல அவள் கையிலிருந்து எடுத்தார். "வெளையாட்டுன்னா உணர்ச்சி இருக்கத்தான் செய்யும். ரெண்டு பேருமே நம்ம ஊருப் புள்ளைங்க" என்று சிரித்தார். பின்வரிசையில் ஒருவர் கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். தட்டும்போது கீர்த்திகாவைத்தான் பார்த்தார்கள்.

மறுநாள் காலையில் கீர்த்திகா சுஹைனாவின் வீட்டுக்கு வந்தாள். தனியாக வந்திருந்தாள். அஜ்மீர் கடைக்கும் மகள் பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டிருந்தார்கள். உம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். கீர்த்திகா தம்ளரைத் தொடவில்லை.

"நேத்து நீ பேசுனத வீடியோ எடுத்துப் போட்டுட்டாங்கடி. ஆபீஸ்ல வரைக்கும் போயிடுச்சு. பொறாமையில பேசுறான்னு ஒன்னத்தான் எல்லாரும் திட்றாங்க. படிக்க எனக்கே கஷ்டமா இருக்கு."

"அதச் சொல்லவா வந்த?"

கீர்த்திகா நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டாள். "எனக்கு ஒரு சத்தம் கேட்டிச்சு சுஹை. டிக்குன்னு. கை தானாத் தூக்கிடுச்சு. பக்கத்துக் கோர்ட்ல யாரோ ஆடிக்கிட்டிருந்தாங்க. அந்தச் சத்தமா இருக்குமோன்னு அடுத்த பாயின்ட்டுக்கு நிக்கும்போதே தோணிப் போச்சு."

"அப்பவேவா?"

"அப்பவே."

"சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிடி? எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டுறாங்க. மறுநாள் பேப்பர்ல வந்துடுச்சு. அப்புறம் காலேஜு, வேல... எல்லாம் அதுலேருந்துதான் வந்துச்சு. ஒவ்வொண்ணும் வரவர வாயத் தொறக்க முடியாமப் போச்சு. ஒன்னப் பத்தி நல்லதா நாலு வார்த்த சேத்துச் சொன்னா ஒனக்கு ஆறுதலா இருக்கும்னுதான் அந்த ராத்திரிக் கதையச் சொன்னேன்."

"இப்ப எங்கிட்ட சொன்னத நேத்து மேடையில சொன்ன மாதிரி எல்லாருக்கும் சொல்லு. ஒரு தடவ சொன்னாப் போதும்."

கீர்த்திகா தலையை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "முடியாது சுஹை. என்ன வேணாக் கேளு. ஒம்மவளுக்கு நா கோச்சிங் ஏற்பாடு பண்றேன், சென்னையில எங்கூட வச்சிக்கிட்டுப் பாத்துக்கறேன். இது மட்டும் முடியாது."

"எம்மவள இதுல இழுக்காத. எழுந்திரிச்சுப் போ கீர்த்தி."

அவள் போன பிறகு தேத்தண்ணி அப்படியே ஆடை கட்டிக் கிடந்தது. உள் அறையின் திரை விலகியது. வாப்பா நின்றுகொண்டிருந்தார். எழுபதைத் தாண்டிவிட்டார். முட்டிக்கு முட்டி வலி. ஆனால் காது மட்டும் இன்னும் கூர்மை. எல்லாவற்றையும் கேட்டிருந்தார் என்று அவர் கை நிலைப்படியைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

"சட்டையக் குடும்மா" என்றார். "நா பள்ளிவாசலுக்குப் போறேன். மத்தியானம் லுஹர் தொழுகைக்கு எல்லாரும் வருவாங்க. நின்னு சொல்றேன், எம்மவ மறைக்கலன்னு."

"யாருகிட்ட வாப்பா சொல்லப் போறீங்க? அன்னிக்கு ஒங்ககிட்டக் கேட்டவங்கள்ல பாதிப் பேரு மவுத்தாயிட்டாங்க."

"இருக்குறவங்ககிட்டச் சொல்றேன்."

"நீங்க என்ன சொல்வீங்க? அந்தப் புள்ள வீட்டுக்கு வந்து ஒத்துக்கிச்சுன்னா? அவ இல்லன்னு சொல்லுவா. அப்புறம் அதையும் நா இட்டுக்கட்டுனதாத்தான் பேசுவாங்க." அவள் தம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இவ்வளவு வருஷமும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நின்றாள். பிறகு சொன்னாள். "அன்னிக்கு நா ஆணையிட்டுச் சொன்னேன் வாப்பா. நீங்க ஒருத்தர் நம்பியிருந்தாப் போதும். நா ஆடியிருப்பேன்."

சேக் பரீது நிலைப்படியிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். உம்மா ஓடிவந்து அவர் தோளைப் பிடித்தாள். சுஹைனா அவரைத் தூக்கக் குனியவில்லை. சமையலறைக்குப் போய்த் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். பர்தாவை எடுத்துப் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள்.

கடையில் தம்மாமுக்கு டிக்கெட் போட ஒரு பையன் காத்திருந்தான். தஹ்ஸீன் என்று பெயர். பாஸ்போர்ட்டை நீட்டிக்கொண்டே, "லாத்தா, தப்பா நெனைக்காதீங்க" என்றான். "நேத்து மேடையில நீங்க அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அந்தக்கா எவ்வளவு நல்ல மாதிரி ஒங்களப் பத்திப் பேசுனாங்க."

அஜ்மீர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். அவன் முகத்திலும் அதேதான் எழுதியிருந்தது. கீர்த்திகா வந்துபோனதை அவனிடம் சொல்ல வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள்.

"எந்தத் தேதிக்கு வேணும்?" என்று பையனிடம் கேட்டாள்.