வெள்ளித்தாள் பியூஸ்

"வயர் தானா எரியாது. வயருக்கென்ன, விசரே பிடிச்சிருக்கு?"

"அப்ப நான் வெச்ச நெருப்பா? என்ட வானுக்கு நானே நெருப்பு வெச்சிட்டு, நானே கையையும் சுட்டுக்கிட்டனா?"

"அப்பிடி நான் சொல்லேல்ல. அஞ்சு அம்பியர் பியூஸ் போட்டுத் தந்தனான். என்ன நடந்தாலும் முதல்ல பியூஸ்தான் போகவேணும். அது போனா லைற் நிக்கும், அவ்வளவுதான். வயர் சூடாகிறதுக்கு நேரமே கிடைக்காது."

"நேரம் கிடைக்காமத்தான் இந்தப் பலகை கரியாக் கிடக்கு? மூக்கிருந்தா மணந்து பாருங்க."

"மணந்தனான். வெந்த றப்பர் மணம். அதுதான் கேக்கிறன், இதில இருந்த பியூஸ் எங்க?"

கேள்வி வான் வண்டிக்குள் இருந்த கட்டிலுக்கடியிலிருந்து வந்தது. யோகலிங்கம் அங்கே மல்லாந்து கிடந்தார். வெளியே தெரிந்தது அவருடைய இரண்டு கால்களும் பக்கத்தில் கழற்றிவைத்த செருப்பும் மட்டுந்தான். பாலையூற்றில் குடியிருக்கும் அவர் துறைமுகத்தில் எட்டு வருடமாக நாட்கூலிக்கு மின்வேலை செய்பவர். ஓய்வு நாட்களில் ஊரிலுள்ள வண்டிகளுக்கு வயர் இழுத்துக் கொடுப்பார். அவரோடு மல்லுக்கு நின்ற றஊப் படம் பிடிக்கிறவன். வலது உள்ளங்கை முழுக்கத் துணிக்கட்டு. அந்தக் கையை இடது கையில் ஏந்திக்கொண்டு வானின் படியில் நின்றான்.

கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் றஊபின் மனைவி ஸுல்பிகா. அவள் மண்ணெண்ணெய் அடுப்பின் முன்னால், எப்போதோ கொதித்துவிட்ட தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தங்கச்சி, பற்றரியப் பாக்கிறது நீங்கதானே. பியூஸக் கண்டீங்களா?"

"விழுந்திருக்கும் அண்ணன்," என்றாள். "தண்ணி அள்ளி ஊத்தக்குள்ள எல்லாம் கழண்டு விழுந்ததுதானே."

யோகலிங்கம் மெதுவாக வெளியே ஊர்ந்து வந்தார். சட்டை முதுகெல்லாம் கரி.

"பியூஸ் விழுந்தாலும் வயர் எரியாது," என்றார், யாரிடம் என்றில்லாமல்.

"அப்ப பொய் சொல்றது நாங்க," என்றான் றஊப். "திங்கக்கிழம உங்களுக்கு நிரந்தர வேலைக்கு நேர்முகம் எண்டு கேள்வி."

"ஓம். அதுக்கென்ன?"

"துறைமுக எஞ்சினியர் ஐயாட மகள்ட கலியாணத்துக்குப் படம் பிடிச்சது நான். ஒரு வான்ட வயர ஒழுங்கா இழுக்கத் தெரியாத ஆளக் கப்பல் துறையில விடலாமா எண்டு கேட்டா, அவர் காது குடுத்துக் கேப்பார்."

யோகலிங்கம் செருப்பை மாட்டிக்கொண்டார். "சொல்லும் றஊப். சொல்ல முதல் உண்மை என்னெண்டு பாத்திட்டுச் சொல்லும்."

"அண்ணன், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்களன்," என்றாள் ஸுல்பிகா.

"வேண்டாம் தங்கச்சி. வயிறு நிறைஞ்சிட்டுது."

அவருடைய சைக்கிள் உள்துறைமுக வீதியில் ஏறி வளைந்து மறையும்வரை அவள் யன்னலில் நின்றாள்.

அந்த வாகனம்தான் அவர்களுடைய வீடு. வெள்ளைக்காரக் கடற்படை அதிகாரி ஒருவர் குடும்பத்தோடு காடு மலை சுற்றுவதற்காகக் கட்டுவித்தது. ஐம்பத்தேழில் அவர்கள் மூட்டை கட்டியபோது றஊபின் வாப்பா அதை ஏலத்தில் எடுத்தார். எடுத்தவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கிண்ணியா வீட்டு வளவில் பதினைந்து வருடம் அதில் கோழிதான் அடைந்தது. நாட்டிலுள்ள எல்லாரும் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கவேண்டும் என்று வந்ததும் றஊபுக்கு மூளை வேலை செய்தது. படக்கடை இல்லாத ஊர்களுக்குப் படக்கடையே போனால் என்ன? கோழிகளைத் துரத்திவிட்டு, முன்பக்கம் கட்டில், நடுவில் சமைக்கக் குசினி, பின்பக்கம் கறுப்புத் துணி அடித்த இருட்டறை என்று பிரித்தான். பற்றரி இரண்டு. ஒன்று எஞ்சினுக்கு, கட்டிலுக்கடியில் இருந்த மற்றது வீட்டுக்கு. இருட்டறையின் சிவப்பு விளக்கு வீட்டுப் பற்றரியில் எரிந்தது.

வீட்டுப் பற்றரி ஸுல்பிகாவின் பொறுப்பு. யாரும் கொடுத்த பொறுப்பல்ல, அவளாகவே எடுத்துக்கொண்டது. பற்றரி முனைகளில் பூக்கும் வெள்ளைத் தூளைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, பூட்டி, கிறீஸ் பூசுவாள். கடையில் பற்றரித் தண்ணீர் இல்லாதபோது மழைத் தண்ணீரைத் துணியில் வடித்து வைத்துக்கொள்வாள். "எங்கட வீட்டு மின்சார சபை இவதான். பில் மட்டும் வராது," என்று றஊப் போகிற ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அவன் அப்படிச் சொல்லும்போது அவளுக்கு உச்சி குளிரும்.

மாமியாருக்கு இது ஒன்றும் பிடிக்கவில்லை. "சக்கரத்துக்கு மேல குடும்பமா? பொம்புளப் புள்ள வயரத் தொடுறதா?" ஆனால் ஸுல்பிகாவுக்கு ஒவ்வொரு காலையிலும் ஒரே யன்னலில் வேறொரு உலகம் வந்து நின்றது. ஒரு நாள் தம்பலகாமத்து வயல், மறுநாள் கொட்டியாரக் குடாவின் கடல். நகர நூல்நிலையத்தில் எடுத்துவரும் கதைப்புத்தகங்களில் பனி கொட்டும் தேசங்கள் இருந்தன. அங்கே மனிதர்கள் நாட்கணக்காக ரயிலில் போனார்கள், ஓடுகிற ரயிலுக்குள்ளேயே தேநீர் போட்டுக் குடித்தார்கள், முன்பின் தெரியாதவர்களிடம் மனதைக் கொட்டினார்கள். படித்துவிட்டு அவள் கட்டிலில் படுத்தபடி, என்னுடைய வீடும் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைப்பாள். அதற்கு மேல் அவளுக்கு ஒரு ஆசையும் இருக்கவில்லை. படுத்துக்கொண்டு படிக்க ஒரு சின்ன விளக்கு மட்டும் வேண்டியிருந்தது. போன மாதம் அதையும் அவளே பூட்டிக்கொண்டாள்.

பியூஸ் போகத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். மூதூர் வீதியில் ஒரு பள்ளம், விளக்குகள் அணைந்தன. புது பியூஸ் போட்டாள். இரண்டு நாளில் அதுவும் போயிற்று. கையிருப்பு முடிந்துவிட்டது. எழுபத்து மூன்றாம் ஆண்டு. தின்கிற பாணுக்கே வரிசையில் நிற்கிற காலத்தில் பியூஸ் எங்கே கிடைக்கும்? நகரத்தில் நான்கு கடை ஏறி இறங்கினாள். எல்லாக் கடையிலும் ஒரே பதில்: "கப்பல் வரட்டும்." ஊரில் எல்லாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். றஊபின் சிகரெட் பெட்டியிலிருந்த வெள்ளித்தாளை உருவி, செத்த பியூஸைச் சுற்றி, இடுக்கில் அழுத்தினாள். சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. அதன் பிறகு பியூஸ் போகவேயில்லை. அவளுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

செவ்வாய்க்கிழமை தோப்பூரில் நாற்பத்து மூன்று பேருக்குப் படம் பிடித்துவிட்டுத் திரும்பினார்கள். வானை ஏற்றிக் கரை சேர்க்கும் மிதவைக்காக மகாவலித் துறையில் காத்து நின்றபோது இருட்டறையிலிருந்து புகை வந்தது. கறுப்புத் துணி பற்றி, காயவிட்டிருந்த பிலிம் சுருண்டு உருகியது. றஊப் அதை வெறுங்கையால் பிடுங்கப் போனான். துறையில் நின்றவர்கள் வாளி வாளியாக ஆற்றுத் தண்ணீரை அள்ளி ஊற்றினார்கள். கூச்சலும் புகையும் அடங்கியதும், யாரும் பார்க்காத நேரத்தில், ஸுல்பிகா கட்டிலுக்கடியில் கையை விட்டு வெள்ளித்தாள் சுற்றிய பியூஸைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தாள். ஏன் எறிந்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. கை தானாகப் போயிற்று.

யோகலிங்கம் வந்துபோன மறுநாள், வெள்ளிக்கிழமை, றஊப் ஜும்ஆத் தொழுகைக்குப் போனதும் அவள் வானின் கதவைச் சாத்தினாள். பற்றரியின் இரண்டு முனைகளையும் கழற்றி ஒதுக்கி வைத்தாள். பிறகு கட்டிலுக்கடியில் நுழைந்தாள். வெள்ளித்தாள் அவளுடைய பிழைதான், அதில் மறுப்பில்லை. ஆனால் பியூஸ் முதலில் ஏன் போனது? எங்கேயோ ஒரு பொருத்து தளர்ந்திருக்க வேண்டும். யோகலிங்கத்தின் கையில் ஒரு சின்னப் பிழை, ஒரே ஒரு சின்னப் பிழை கிடைத்தால் போதும். பழியில் பாதியையாவது இறக்கி வைக்கலாம். அவள் அதைத் தேடிக்கொண்டுதான் போனாள்.

பொருத்து பொருத்தாகப் பிரித்தாள். ஒவ்வொன்றிலும் வயர் முறுக்கி, ஈயத்தால் பற்றவைத்து, நாடா சுற்றி, நாடாவுக்கு மேல் மெழுகு நூல் கட்டியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத மூலையில்கூட அதே மெழுகு நூல், அதே முடிச்சு. அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஒரு மனிதன் ஓரிடத்திலாவது சோம்பல்பட்டிருக்கக் கூடாதா?

இருட்டறைக்குப் போகும் வயர் ஒரு தகரத் தடுப்பின் ஓட்டை வழியாகப் போனது. அங்கே விரலை வைத்தவள் சட்டென்று இழுத்துக்கொண்டாள். ஓட்டையின் விளிம்பு கத்தி மாதிரி இருந்தது. றப்பர் தோல் அறுந்து, செம்பு தகரத்தோடு ஒட்டி உருகிக் கிடந்தது. அந்த ஓட்டையில் யோகலிங்கம் தடித்த றப்பர் வளையம் ஒன்று போட்டிருந்தார். அது இப்போது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஆணி டப்பாவில். படிக்கிற விளக்கின் வயரும் அதே ஓட்டையால் போகவேண்டியிருந்தது. வளையம் இடம் விடவில்லை. அழகுக்குப் போட்டது என்று நினைத்துக் கழற்றிவிட்டாள். அதன் பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் தகரம் வயரைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்திருக்கிறது. பியூஸ் இரண்டு முறை போய் அதைச் சொல்லியிருக்கிறது. மூன்றாம் முறை அதன் வாயைக் கட்டியது அவள்தான்.

கட்டிலுக்கடியில் அப்படியே கிடந்தாள். வெளியே துறைமுகப் பக்கம் ஏதோ கப்பல் ஊதியது. பாதிப் பழிக்கென்று வந்த இடத்தில் முழுப் பழியும் அவளுடைய மடியிலேயே விழுந்துவிட்டது.

றஊப் திரும்பி வந்தபோது தலையில் தொப்பி, முகத்தில் ஒரு தெளிவு. சோற்றுக் கோப்பையை இடது கையால் இழுத்துக்கொண்டே சொன்னான்:

"வாற வழியில எஞ்சினியர் ஐயாட ஊட்டுக்குப் போன. வாயால சொன்னாப் பத்தாதாம். எழுதித் தரட்டாம். நாளைக்குக் காலையில குடுத்தா, திங்கக்கிழம பேர வெட்டிருவாராம்."

"எழுதித்தான் ஆகணுமா?"

"தோப்பூராக்களுக்கு என்ன மறுமொழி சொல்ற, ஸுல்பி? நாப்பத்தி மூணு பேர். நல்ல உடுப்புப் போட்டு, தலைக்கு எண்ண வெச்சு வந்து இரிந்தவங்க. நேத்து றஊப் ஏமாத்திட்டான் எண்டு ஆளனுப்பிக் கேக்கிறாங்க. வயர் இழுத்தவன்ட பிழை எண்டு சொல்லி அனுப்பியிருக்கன். எழுத்தில இரிந்தாத்தான் நம்புவாங்க." கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினான். "இந்தக் கையால எழுத ஏலாது. ஒன்ட எழுத்து முத்து மாதிரி. நீ எழுது."

சாப்பாட்டுக்குப் பிறகு அவளுக்கு முன்னால் தாளும் பேனையும் வந்தன. றஊப் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். அவள் எழுதினாள். கனம் எஞ்சினியர் ஐயா அவர்களுக்கு. எனது வாகனத்தில் மின்வேலை செய்த, பாலையூற்றைச் சேர்ந்த யோகலிங்கம் என்பவர்.

"என்பவர்... எழுதிட்டியா? தமது தொழிலில் காட்டிய கவனயீனத்தால்."

பேனை நகரவில்லை.

"கவனயீனத்தால். என்ன, எழுத்துத் தெரியலையா?"

"அது நான்," என்றாள் ஸுல்பிகா.

றஊப் கண்ணைத் திறந்தான். "என்ன நீ?"

சொன்னாள். விளக்கு, வளையம், வெள்ளித்தாள், ஆற்றில் எறிந்தது, நேற்று யோகலிங்கத்தின் முகத்துக்கு நேரே சொன்ன பொய். வரிசை தப்பாமல், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். றஊப் முதலில் சிரித்தான்.

"அந்தாளுக்குப் பாவம் பாத்துக் கதைக்கிறியா?"

"வாங்க, காட்டுறன்."

அவன் குனிந்து, அவள் பிடித்த தீக்குச்சி வெளிச்சத்தில் தகர விளிம்பைப் பார்த்தான். நல்ல கையின் விரலால் உருகிய செம்பைத் தொட்டான். நிமிர்ந்தபோது அவனுக்கு வயது கூடிவிட்டது போலிருந்தது. எரிந்த பலகையை, பிலிம் காயவிட்ட வெறுங்கொடியை, தன்னுடைய கையை ஒவ்வொன்றாகப் பார்த்தான். திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உம்மாட காதுக்கு இது போனா ஒன்ன இந்தப் படியில கால் வைக்க உடமாட்டா," என்றான் கடைசியில். "நானும் உட ஏலாது. வயர் தொட்ட ஆள எப்பிடி உடுற? நீ கிண்ணியாவில, நான் ரோட்டில."

"தெரியும்."

"என்ட பொஞ்சாதி எரிச்சாள் எண்டு தோப்பூர்ல போய்ச் சொல்லட்டா? அவங்க சிரிப்பாங்க. மின்சார சபை எண்டு சொல்லிச் சொல்லித் திரிஞ்சவன் நான்தானே." கதிரையில் உட்கார்ந்து மீண்டும் கண்ணை மூடிக்கொண்டான். "நமக்கு ரெண்டு பேருக்கு மட்டுந்தான் தெரியும். அப்பிடியே இரிக்கட்டும். எழுது. தமது தொழிலில் காட்டிய கவனயீனத்தால்."

ஸுல்பிகா தாளைப் பார்த்தாள். அவளுடைய முத்துப் போன்ற எழுத்தில் யோகலிங்கத்தின் பெயர் காய்ந்துகொண்டிருந்தது. எட்டு வருடம் நாட்கூலி. கண்ணுக்குத் தெரியாத மூலையிலும் மெழுகு நூல் கட்டுகிற மனிதர். யன்னலுக்கு வெளியே துறைமுகத் தண்ணீர் மாலை வெயிலில் மினுங்கியது. கிண்ணியாவில் மாமியார் வீட்டுக் குசினி யன்னலைத் திறந்தால் பக்கத்து வளவின் கிடுகு வேலிதான் தெரியும். இனி வருடக்கணக்காக, எல்லாக் காலையிலும் அதே வேலி.

பேனையை மூடித் தாளின் மேல் வைத்தாள்.

"இஞ்ச பாருங்க," என்றாள். "கண்ணத் திறங்க. நாளைக்குக் காலையில வெறுங்கையோட எஞ்சினியர் ஐயாட்டப் போவம். நீங்க ஒண்டும் கதைக்கத் தேவல்ல, வாசல்ல நிண்டாப் போதும். நான் சொல்றன். என்னக் கூட்டிக்கிட்டுப் போங்க."