இப்படிக்கு, துறைமுகத் தெரு வாசகி

எங்கள் கில்ரஷ் ஊரில் புத்தகக் கடை என்னுடையது ஒன்றுதான். எது நல்ல புத்தகம் என்று நான் சொல்வதில்லை, வாசகர்கள் சொல்வார்கள். பிடித்திருந்தால் ஓர் அட்டையில் நாலு வரி கைப்பட எழுதித் தரவேண்டும். அதை அந்தப் புத்தகத்துக்குக் கீழே ஒட்டிவிடுவேன். டைப் அடித்துக் கொண்டுவந்தால் பாதிரியாராகவே இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அட்டை எழுதுவதில் இமெல்டாவை அடிக்க ஆள் கிடையாது. முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் வேலை. இரண்டு வருடம் முன்பு எங்கிருந்தோ வந்தவள். புதன்கிழமை தவறாமல் பத்து மணிக்குக் கடைக்கு வருவாள். 'நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வருமுன் அடுப்பை அணைத்துவிடுங்கள், குழம்பு கருகிவிடும்' என்று எழுதுவாள். அவள் அட்டை ஒட்டிய புத்தகம் ஒரு வாரம் தங்காது.

"என் பேரை மட்டும் போடாதீங்க, ஜெரால்டின்" என்றாள்.

"ஏன்டி, பெரிய எழுத்தாளர்னு நினைப்பா?"

சிரித்துக்கொண்டே, கடை இருக்கும் தெருவின் பெயரைப் போட்டு 'துறைமுகத் தெரு வாசகி' என்று எழுதினாள். கூச்சம் என்று நினைத்துவிட்டேன்.

போன மாதம் அட்டைகளைப் படம் எடுத்துக் கடையின் முகநூல் பக்கத்தில் போட ஆரம்பித்தேன். அவளைக் கேட்கவில்லை. பெயர்தான் இல்லையே, கேட்க என்ன இருக்கிறது? அவள் அட்டையை முந்நூறு பேர் பகிர்ந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒருவன் வந்தான். ஐம்பது வயது இருக்கும், நல்ல கோட்டு. கால்மிதியில் ஷூவை நன்றாகத் துடைத்துவிட்டு உள்ளே வந்தான். அவள் சிபாரிசு செய்த புத்தகத்தை எடுத்து வந்து, "இந்த அட்டையை எழுதினது யாரும்மா? படத்தைப் பாத்துட்டு வெக்ஸ்ஃபோர்ட்லேர்ந்து கார் எடுத்துட்டு வந்துட்டேன்" என்றான்.

நாட்டின் மறுகோடி வெக்ஸ்ஃபோர்டிலிருந்தா! எனக்குப் பெருமை பிடிபடவில்லை. "பேர் சொல்லக் கூடாதுன்னுட்டா. ஒருநாள் முன்னாடி வந்துட்டீங்களே! நாளைக்குப் பத்து மணிக்கு வந்தா நேர்லயே பாக்கலாம்."

அட்டையை விரலால் தடவினான். "இன்னும் கடைசிப் பக்கத்தைத்தான் முதல்ல படிக்கிறாளா?"

அட்டையில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. "தெரிஞ்சவங்களா?" என்றேன்.

"என் பெண்டாட்டி. வீட்டை விட்டுப் போய் நாலு வருஷமாச்சு. நாளைக்கு வரேம்மா."

கடையைப் பூட்டிவிட்டு முதியோர் இல்லத்துக்கு ஓடினேன். இமெல்டா படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன்.

"பேர் சொன்னீங்களா?"

"இல்ல."

"இந்த இடத்தை?"

"இல்லடி. நாளும் மணியும் சொல்லித் தொலைச்சிட்டேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

துணிக்கூடைமேல் உட்கார்ந்துவிட்டாள். "எந்த ஊர்லயும் எதுலயும் பேர் கொடுக்க மாட்டேன். நூலகத்துலகூடச் சேரலை. புஸ்தகத்தைப் பத்தி நாலு வரி எழுதினா என்ன ஆயிடும்னு நினைச்சேன்."

அவளுடைய இடது கைச் சுண்டுவிரல் மடங்காது என்பது எனக்குத் தெரியும். எப்படி ஆனது என்று அன்றுதான் சொன்னாள்.

"போலீசுக்குப் போகலாம், வா."

"போயிருக்கேன். வந்து அவனோட பேசுவாங்க. அவன் ரொம்ப நல்லாப் பேசுவான்."

அன்றைய கடைசி பஸ் போய்விட்டது. அடுத்தது மறுநாள் பதினொன்றே காலுக்கு, லிமெரிக்குக்கு. அதுவரை அவன் கடையை விட்டு நகரக் கூடாது. அதற்கு நான் பொறுப்பு என்றேன்.

புதன்கிழமை ஒன்பதரைக்கே வந்துவிட்டான். நான் புத்தகம் புத்தகமாக எடுத்து நீட்டினேன். முப்பது வருடத்தில் அப்படி நான் வாயாடியதில்லை. அவன் எதையும் திறக்கவில்லை, கதவையே பார்த்தான். பத்தரைக்கு எழுந்துவிட்டான்.

"அவ வீடு எங்கம்மா?"

"உங்களைப் பத்தி நிறைய சொல்லியிருக்கா" என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

உட்கார்ந்தான். "என்ன சொன்னா?"

அவன் நன்றாகச் சமைப்பானாம், பாடுவானாம், கிளம்பி வந்தது தன் தப்புதான் என்று அழுதாளாம். ஐயோ, எத்தனை பொய்! அவன் கண் கலங்கியது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அவனிடம் பயம் வந்தது. அவனுக்கு ஒரு கோப்பை தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

பதினொன்றரைக்குப் பேச்சை நிறுத்தினேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து மேஜையைச் சுற்றி என் பக்கமே வந்தான்.

"எங்க போயிருக்கா?"

"தெரியாது."

"பொய் சொல்லாதே."

"சத்தியமாத் தெரியாது" என்றேன். அது ஒன்றுதான் அன்று நான் சொன்ன உண்மை. லிமெரிக்கிலிருந்து எந்த ஊருக்குப் போகிறாள் என்று முந்தின நாள் நான் கேட்கத்தான் செய்தேன். "உங்ககிட்டச் சொல்ல முடியாது, ஜெரால்டின்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.