ஆளுக்கு ஒருத்தர்

கீழ்மதகூரில் பெண் பார்க்க முதல் நாள் ஒருவர் வருவார், இரண்டாம் நாள் இருவர் வருவார்கள். மூன்றாம் நாளிலிருந்து எத்தனை பேர் வருவது என்பது, இரண்டாம் நாள் சாயங்காலம் பெண்ணின் அப்பா வாசலில் நின்று என்ன சொல்லி அனுப்புகிறார் என்பதைப் பொறுத்தது. ஒருமுறை வந்தவர் மறுமுறை வருவதில்லை. எந்த நாளிலாவது ஓர் ஆள் குறைந்தாலும் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பிடித்திருக்கிறதா இல்லையா என்பதைக் கடைசி நாள் கடைசியாக வருகிற ஆள் சொல்வார். அவர் சொன்னால் சொன்னதுதான். பெண்ணிடம் யாரும் கேட்பதில்லை. கேட்பதற்கு அந்த முறையில் இடம் வைக்கவில்லை.

செங்கமலத்தைப் பார்க்க முதல் நாள் வந்தவர் மாப்பிள்ளையின் சித்தப்பா திரவியம். கேசரியைச் சாப்பிட்டார், வாழைக்காய் பஜ்ஜியில் இரண்டைச் சாப்பிட்டார், காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "எங்க பக்கம் மொத்தம் இருபத்தோரு பேரு. எல்லாரும் வந்து பாக்கணும். அப்புறம், பிடிச்சுப்போச்சுன்னா பொண்ணு வேலைய விட்டுரணும். எங்க வீட்டுல அது பழக்கமில்ல."

செங்கமலம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு 'பி' பிரிவுக்குக் கணக்கு டீச்சர். முப்பது வயதில் அவளுக்கென்று இருந்தது அந்தக் கரும்பலகைதான். அதன் வலது மூலையில் ஒரு கீறல். எந்தக் கணக்கை எழுதினாலும் அந்தக் கீறலுக்கு இடம் விட்டு எழுதுவாள். இனி வேறு யாரோ வந்து அந்தக் கீறலின் மேலேயே எழுதுவார்கள் என்று நினைத்தபோது அவளுக்குக் காப்பித் தட்டு கனத்தது.

அவளுடைய அப்பா ஆவுடையப்பன் இடது புருவத்தை ஏற்றி இறக்கினார். எதைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் செய்வார். அது சரி என்பதா, வேண்டாம் என்பதா என்று முப்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனைவி பகவதிக்கே தெரியாது.

மறுநாள் திரவியத்தின் மதினியும் அவளுடைய தம்பியும் வந்தார்கள். ஆறு மணிக்கு அவர்கள் எழுந்ததும் ஆவுடையப்பன் வாசல்வரை போனார். இந்த இடத்தில் ஊரிலுள்ள எல்லா அப்பாக்களும் ஒரே வாசகத்தைத்தான் சொல்வார்கள்: "நாளைக்கு இன்னும் ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க." அப்படிச் சொன்னால் மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று வரும். ஒன்றிலிருந்து ஆறுவரை கூட்டினால் இருபத்தொன்று. மாப்பிள்ளை வீட்டார் தீர்ந்துபோவார்கள், ஆறாம் நாள் முடிவு தெரிந்துவிடும்.

ஆவுடையப்பன் இரண்டு விருந்தாளிகளையும் பார்த்தார். கையைக் கூப்பி, "நாளைக்கு ஆளுக்கு ஒருத்தரைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க" என்றார்.

உள்ளே பகவதி எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்தாள்.

"என்ன சொல்லிட்டு வாறீய?"

"மரியாதைக்குச் சொன்னேன்."

"இன்னும் ஒருத்தர்னு சொன்னா மரியாதை கொறஞ்சு போகுமோ?"

"வந்தது ரெண்டு பேரு. ஒருத்தரை மட்டும் கூட்டிட்டு வான்னா, யாரு கூட்டிட்டு வாரதுன்னு அக்காளுக்கும் தம்பிக்கும் சண்டை வந்துராதா? நம்மளால ஒரு குடும்பம் கெடணுமா?"

பகவதி மறுபடியும் சட்டியை அடுப்பில் ஏற்றினாள்.

அந்த வாரம் பத்தாம் வகுப்பில் அதே பாடம்தான் நடந்துகொண்டிருந்தது. மறுநாள் காலையில் செங்கமலம் கரும்பலகையில் ஒன்று, இரண்டு என்று எழுதிவிட்டு, "அடுத்தது என்ன?" என்று கேட்டாள். பாதி வகுப்பு மூன்று என்றது, பாதி வகுப்பு நான்கு என்றது.

"ரெண்டும் சரி" என்றாள். "ஒவ்வொரு தடவையும் ஒண்ணைக் கூட்டினா மூணு. அது கூட்டுத்தொடர். ஒவ்வொரு தடவையும் ரெண்டால பெருக்கினா நாலு. அது பெருக்குத்தொடர். மூணாவது வர்ற வரைக்கும் எதுன்னு சொல்ல முடியாது."

"உங்களுக்கு எது டீச்சர்?" என்றாள் முதல் பெஞ்சு பேச்சியம்மாள்.

"சாயங்காலம் தெரிஞ்சிரும்."

சாயங்காலம் நான்கு பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவன் மாப்பிள்ளை வேலாயுதம். பழுதான மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிற கடை வைத்திருந்தான். சோபாவில் மூன்றாவதாக உட்கார்ந்து பஜ்ஜியைப் பார்த்தபடியே, "கணக்கு டீச்சரா? எனக்கு அது வராது" என்றான். ஒருமுறை வந்தாயிற்று என்பதால் அவன் அதன் பிறகு வரவில்லை.

நான்காம் நாள் எட்டுப் பேர். ஐந்தாம் நாள் பதினாறு பேர் வர வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் மிச்சம் இருந்தது ஆறு பேர்தான். திரவியம் தெருவில் இறங்கிப் பத்துப் பேரைச் சொந்தமாக்கிக்கொண்டார். டெய்லர் பெரியப்பா ஆனார். தபால்காரர் தாய்மாமா ஆனார். இரண்டு பேரும் அப்படியொன்றும் ஆட்சேபிக்கவில்லை, பகவதியின் பஜ்ஜிக்கு ஊரில் பெயர் இருந்தது.

பெரியப்பா வீட்டாரும் தாய்மாமா வீட்டாரும் சொந்தம்தானே, அவர்களும் பார்க்க வேண்டும் என்பதால் ஆறாம் நாள் முப்பத்திரண்டு. ஏழாம் நாள் அறுபத்து நான்கு பேரில் பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு முழுக்க இருந்தது. யூனிஃபார்மோடு வந்து தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் ஏதாவது கேட்டாக வேண்டும்.

"பாடத் தெரியுமா?" என்றாள் ஒருத்தி.

"தெரியாது."

"பதினேழாம் வாய்ப்பாடு சொல்லுங்க பாப்போம்" என்றாள் பேச்சியம்மாள்.

செங்கமலம் தலையைக் குனிந்தபடி சொன்னாள். "பதினேழு எட்டு நூத்து முப்பத்தாறு" என்கிற இடத்தில் நிறுத்தி, "பேச்சி, காப்பியைச் சிந்தாத" என்றாள்.

"பொண்ணு கொஞ்சம் அதட்டுது" என்று கடைசி வரிசையில் யாரோ குறித்துக்கொண்டார்கள்.

எட்டாம் நாள் நூற்று இருபத்தெட்டு. ஆஸ்பத்திரியில் அன்றைக்கு ஒரு குழந்தை பிறப்பதாக இருந்தது. இப்போதைக்கு ஊர்க்கணக்கு மாறக் கூடாது என்று சொல்லி அதை அடுத்த வாரத்துக்கு மாற்றி வைத்தார்கள். ஊர் எல்லைப் பலகையில் மக்கள்தொகை ஆயிரத்து இருபத்துமூன்று என்று எழுதியிருந்தது. ஒன்பதாம் நாள் இருநூற்று ஐம்பத்தாறு பேர் வந்துபோனபோது வாழைக்காய்க்குத் தட்டுப்பாடு வர ஆரம்பித்தது. பஜ்ஜிக்குள் வாழைக்காய் இருப்பது வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரிந்தது.

அன்றைக்கு ராத்திரி செங்கமலம் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். இதுவரை வந்தவர்கள் ஐந்நூற்றுப் பதினொன்று. நாளைக்கு வரவேண்டியவர்கள் ஐந்நூற்றுப் பன்னிரண்டு. ஊரில் மிச்சம் இருப்பவர்களும் ஐந்நூற்றுப் பன்னிரண்டு. சரியாக இருந்தது. அதற்கு மேல் யோசிக்காமல் பட்டுப்புடவையை மடித்து வைத்துவிட்டுப் படுத்தாள்.

பத்தாம் நாள் நாலு மணிக்கு ஊர் கடைசியாகத் திரண்டது. வரிசை பள்ளிக்கூடத்தைச் சுற்றி, மதகைத் தாண்டி நின்றது. ஒருவருக்குப் பதினான்கு நொடி. உட்கார்ந்து, பார்த்து, காப்பியை வாங்கி, எழுந்து போக வேண்டும். பகவதி அடுப்பை அணைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய் வரிசையில் நின்றாள். உள்ளே வந்து மகளைப் பார்த்தாள். தான் சுட்ட பஜ்ஜியைத் தின்று, "உப்பு பத்தாது" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். அவளுக்குப் பின்னால் ஆவுடையப்பன் வந்தார். வாசலில் வரவேற்க வேறு யாரும் இல்லாததால், "வாங்க, வாங்க" என்று தன்னையே அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது திரவியம் நோட்டை மூடிவிட்டுத் திறந்தார். மறுபடியும் மூடினார்.

"ஓர் ஆள் குறையுது."

"நல்லா எண்ணுனீங்களா?" என்றார் ஆவுடையப்பன்.

"மூணு தடவை எண்ணியாச்சு. ஐந்நூத்துப் பதினொண்ணுதான் வந்திருக்கு. இன்னும் அஞ்சு நிமிஷத்துல ஒரு ஆளு வரலைன்னா, நாளைக்கு நான் ஒத்தையில வந்து மறுபடியும் கேசரி திங்கணும்." வயிற்றைத் தடவிக்கொண்டார். "ஊர்ல யாரு பாக்கி?"

எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். டெய்லர் வந்தாயிற்று, தபால்காரர் வந்தாயிற்று, மதகுக்காரர் வந்தாயிற்று. ஊரில் இந்தப் பெண்ணை இன்னும் பார்க்காதவர் ஒருவர்தான்.

செங்கமலம் நாற்காலியிலிருந்து எழுந்து, பின்வாசல் வழியாகப் போய், முன்வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

"வாங்க, வாங்க" என்றார் ஆவுடையப்பன். "வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமா இருந்துச்சா?"

"இல்ல, விசாரிச்சுக்கிட்டு வந்தேன்."

சோபாவில் உட்கார்ந்தாள். எதிரே நாற்காலியில் பெண் இருந்தாள். பத்து நாள் உட்கார்ந்த அசதி முகத்தில் தெரிந்தது. விரல் நுனியில் சாக்பீஸ் தூள் ஒட்டியிருந்தது. பெண் காப்பி கொடுத்தாள். சர்க்கரை கொஞ்சம் குறைவு, செங்கமலத்துக்கு அப்படித்தான் பிடிக்கும். திரவியம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏதாவது கேட்டாக வேண்டும்.

"வேலைக்குப் போக இஷ்டமா?" என்றாள் செங்கமலம்.

"ஆமா" என்றாள் பெண்.

இந்தக் கேள்வியை ஆயிரத்து இருபத்திரண்டு பேரில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை என்பது திரவியத்தின் நோட்டில் தெரிந்தது. அவர் அதைத் தனியாக ஒரு கோடு போட்டு எழுதிக்கொண்டார்.

"சரி" என்றார். "கடைசி ஆள் நீங்கதான். முடிவைச் சொல்லுங்க."

"பொண்ணு பிடிச்சிருக்கு" என்றாள் செங்கமலம். வெளியே மதகுவரை அந்தச் செய்தி போய், திரும்பியும் வந்தது. அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "வேலைய விடுறதப் பத்தி மட்டும் பொண்ணு வீட்டுக்காரங்க சொல்லணும். அவங்க வந்து மாப்பிள்ளையைப் பாக்கட்டும். அவங்கள்ல கடைசியா வர்றவர் எப்போ கல்யாணம்னும் சொல்லட்டும், வேலைய விடணுமான்னும் சொல்லட்டும். அது வரைக்கும் பொண்ணு பள்ளிக்கூடம் போகட்டும்."

கடைசி ஆள் சொன்னால் சொன்னதுதான். ஆனாலும் திரவியத்தின் முகம் மாறியது. அவர் வீட்டில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் பாத்திரம் இல்லை.

"எத்தனை பேர் வருவாங்க?"

"மொத்தம் பதினாறு பேருதான். முதல் நாள் எட்டுப் பேரு. அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளும் முந்தின நாள் வந்ததுல பாதி."

"கொறஞ்சுக்கிட்டே வருமா?"

"கொறஞ்சுக்கிட்டேதான் வரும்."

"அப்போ சீக்கிரம் முடிஞ்சிரும்" என்றார் திரவியம். சந்தோஷமாக ஒரு பஜ்ஜியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டார். இனி தடையில்லை என்று ஆஸ்பத்திரிக்கும் சொல்லி அனுப்பினார்கள்.

வேலாயுதம் பட்டுவேட்டி கட்டி, நான்கிலிருந்து ஆறுவரை நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார ஆரம்பித்தான். முதல் நாள் எட்டுப் பேர் போனார்கள். மறுநாள் நான்கு பேர். அதற்கு மறுநாள் செங்கமலத்தின் இரண்டு அத்தைகள் போய், காயில் சுற்றத் தெரியுமா என்று கேட்டுச் சுற்றச் சொல்லிப் பார்த்தார்கள். நான்காம் நாள் பகவதி போனாள். மாப்பிள்ளை வீட்டு பஜ்ஜியில் உப்பு சரியாக இருப்பதாக வந்து சொன்னாள், ஆனால் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை.

பாக்கி இருந்தது ஆவுடையப்பன் ஒருவர்தான். கணக்குப்படி ஐந்தாம் நாள் அரை ஆள் போக வேண்டும். அவருடைய வலது பாதி சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிப் போனது. இடது பாதி வீட்டில் இருந்து ரேடியோ கேட்டது. ஆறு மணிக்கு வலது பாதி திரும்பி வந்து, "நல்ல மாதிரியான மனுசங்க" என்று இடது பாதியிடம் சொன்னது. ஒருமுறை போனது மறுமுறை போகக் கூடாது என்பதால் மறுநாள் மீதியில் பாதி போனது. அது இடது கால். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது. அதற்கடுத்த நாள் இடது கை போய்க் கைகூப்ப முடியாமல் கொஞ்சம் சங்கடப்பட்டது. பிறகு தோள். பிறகு காது. காதிடம் திரவியம் நிறையப் பேசினார்.

வேலாயுதம் சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்தில் பென்சிலால் சுவரில் எழுதிப் பார்த்தான். எட்டு, நான்கு, இரண்டு, ஒன்று, அரை, கால், அரைக்கால். எல்லாவற்றையும் கூட்டினான். பதினாறுக்குக் கொஞ்சம் குறைந்தது. அடுத்த இரண்டு பாதிகளையும் சேர்த்தான், அப்போதும் பதினாறுக்குக் கொஞ்சம் குறைந்தது. கணக்கு அவனுக்கு வர ஆரம்பித்திருந்தது.

"இன்னும் எத்தனை நாளுடே?" என்றார் திரவியம்.

"முடிஞ்ச மாதிரிதான் சித்தப்பா."

"அப்போ கடைசி ஆளு?"

"வந்துட்ட மாதிரிதான்."

பள்ளிக்கூடத்தில் செங்கமலம் அடுத்த பாடத்துக்குப் போனாள். கீறலுக்கு இடம் விட்டுத் தலைப்பை எழுதினாள்.

மூன்றாம் வாரம் ஒருநாள், நாலு மணிக்கு, ஆவுடையப்பனின் இடது புருவம் வந்தது. மருந்து பாட்டில் மூடியில் காப்பி வைத்தார்கள். அது சோபாவின் நடுவில் இருந்து மாப்பிள்ளையைப் பார்த்தது. திரவியத்துக்குப் பொறுமை இல்லை. குனிந்து கேட்டார்:

"வேலைய விடணுமா, வேண்டாமா? நீங்களாவது ஒரு முடிவச் சொல்லிட்டுப் போங்க."

புருவம் ஏறி இறங்கியது.

திரவியம் அதை நோட்டில் குறித்துக்கொண்டார். மறுநாள் அதில் பாதி வருவதாக இருந்ததால், சோபா பெரிதாக இருக்குமே என்று ஒரு சட்டைப் பொத்தானைத் துடைத்து, மாப்பிள்ளைக்கு எதிரே போட்டு வைத்தார்கள்.