ஒரு பேருக்கு ஒரு குரல்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கருங்கல்லாறு எஸ்டேட் மன்றத்தின் சன்னல்களை எல்லாம் கம்பளி போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். வெளியே ஆடிச் சாரல். மூணாறுப் பக்கம் ஆடி மாதத்தில் வெளிச்சம் என்று பேருக்குத்தான் ஏதோ இருக்கும், அதையும் மூடி என்ன ஆகப்போகிறது என்று இன்பமேரி கேட்டாள். படம் ஓட்ட வந்த கல்பாத்திக்காரர் சிவராமகிருஷ்ணன், "இருட்டினாத்தான் தெரியும், அம்மா" என்று பொறுமையாகப் பதில் சொன்னார். அவர் பாலக்காட்டுக் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவர். பெரிய வெள்ளம் வந்து ஐம்பது வருஷம் ஆகிறது, அதைக் கண்ணால் கண்டவர்கள் கண்ணை மூடுவதற்குள் சொல்வதை எல்லாம் டேப்பில் பிடித்து வைத்துவிட வேண்டும் என்று மூன்று மாதமாக மலை மலையாக அலைகிறார்.

முன் பெஞ்சில் ராமுத்தாய் வந்து உட்கார்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. தலைக்குக் குளித்து, மகள் கல்யாணத்துக்கு எடுத்த சேலையைக் கட்டியிருந்தாள். பக்கத்து வீட்டு இன்பமேரி விடுவாளா?

"என்னடி இது, பொண்ணு பாக்க வர்றாகளா?"

"எங்காத்தாளப் பாக்கப் போறேன்டி."

இன்பமேரி அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துவிட்டாள்.

ராமுத்தாய்க்கு அம்மாவின் முகம் தெரியாது. வெள்ளம் வந்த ராத்திரி மலை சரிந்து கீழ் லயத்துக் கூலி வீடுகளை அப்படியே வழித்துக்கொண்டு போனபோது அவள் தவழும் பிள்ளை. அத்தை வீட்டில் தூங்கினதால் பிழைத்தாள். அம்மாவின் உடம்பு கிடைக்கவில்லை. அப்பன்காரன் கம்பத்துக்குப் போய் வருகிறேன் என்று இறங்கினவன், வரவே இல்லை. போட்டோவாவது உண்டா என்றால், கூலிக்காரப் பொம்பளைக்கு அந்தக் காலத்தில் யார் போட்டோ பிடித்தார்கள்? விவரம் தெரிந்த நாள் முதல் அவள் கேட்டுப் பார்க்காத ஆள் இல்லை. எங்காத்தா எப்படி இருப்பா? கறுப்பா, மாநிறமா? கங்காணி மொக்கையனிடம் கேட்டால், "பொம்பள மாதிரித்தான் இருந்தா, போ போய் கொழுந்து எடு" என்பார். கேட்டுக் கேட்டு வெட்கம் விட்டுப்போய், பிறகு ஆசையும் விட்டுப்போனது என்று நினைத்திருந்தாள். ஆனால் போன மாதம் கல்பாத்திக்காரர் வந்து, வெள்ளத்துக்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் காலத்துத் துரை ஒருவர் எடுத்த படச்சுருள் சீமையிலிருந்து வந்திருக்கிறது, அதில் கங்காணி பேர் கூப்பிடுகிற காட்சி இருக்கிறது என்று சொன்னதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பேர் விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். காலையில் பெரட்டுக் களத்தில் எல்லாரும் வரிசையாக நிற்க, கங்காணி ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். "இருக்கேன்யா" என்று குரல் கொடுத்துவிட்டு மலைக்கு ஏற வேண்டும். பேர் விழுந்தால்தான் அன்றைய வேலை. பெரட்டில் அவள் போய் நின்ற முதல் நாள், புதுப் பேர் ஏற்ற ஆப்பீஸில் ஆயிரம் கேள்வி கேட்பார்கள் என்று மொக்கையன் ஒரு சுருக்கு வழி பண்ணினார். "உங்காத்தா பேரு சும்மாதான கெடக்கு. அதுலயே நில்லு" என்றார். அப்படித்தான் மூக்கு குத்தி மூக்கம்மாள் என்று பேர் வைத்திருந்த பிள்ளை, செத்துப்போன தாயின் பேரில் ராமுத்தாய் ஆனாள். எஸ்டேட்டில் அப்படிப் பலபேர் உண்டு, யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கல்யாணப் பத்திரிகையிலும் அந்தப் பேர்தான். புருஷன் சாகும்வரை அவளை அப்படித்தான் கூப்பிட்டான். மூக்கம்மாள் என்று கூப்பிட இந்த மலையில் ஒரு வாய் மிச்சமில்லை.

மொக்கையனைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து அவள் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். கிழவருக்கு எண்பது தாண்டிவிட்டது, கண் இரண்டும் போய்விட்டது. பழைய ஆட்களில் அவர் ஒருவர்தான் பாக்கி. அந்த ஒருவருக்கும் பார்வை இல்லையென்றால் படத்தில் இருப்பவர்களை யார் அடையாளம் சொல்வது என்று கல்பாத்திக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டபோது, கிழவரே வழி சொன்னார்.

"மொகம் ஒண்ணும் நெனப்புல இல்லய்யா. ஆனா பேரு வரிசையா நிக்குது. தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். படத்துல நான் வாயத் தொறக்குறப்ப என்னையத் தொடுங்க, நான் பேரச் சொல்லுறேன். பேருக்கு ஒருத்தியா வெளிய வருவாள்ல, அவதான் அவ."

அவர் கையைத் தொடுகிற வேலையை ராமுத்தாய் கேட்டு வாங்கிக்கொண்டாள். கல்பாத்திக்காரர் டேப் ரிக்கார்டரை முடுக்கிவிட்டு வந்து படத்தை ஓட்டினார்.

முதலில் வெள்ளத்தில் போன குட்டி ரயில் வந்தது. தரையில் பாய் போட்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அப்புறம் திரை கொஞ்சம் நடுங்கி, பெரட்டுக் களம் வந்தது. இன்றைக்கும் அதே களம், அதே பாறை. படத்திலும் சாரல் விழுந்துகொண்டிருந்தது. துரை பின்னாலிருந்து எடுத்திருக்கிறார் போலும். வரிசையாகப் பெண்களின் முதுகுதான் தெரிந்தது, தலையோடு கம்பளி, முதுகில் கூடை. களத்து ஓரத்தில் கைப்பிள்ளைகளை ஒரு சாக்கு விரித்து அதன்மேல் விட்டிருந்தார்கள். எதிரே மீசை வைத்த வாலிபன் ஒருவன் நின்றான். மொக்கையன்தான். அவன் வாய் திறந்தது. ராமுத்தாய் கிழவரின் கையைத் தொட்டாள்.

"பெரியம்மாள்!" என்றார் கிழவர். குரலில் வயசே இல்லை, அதே கங்காணிக் குரல்.

திரையில் ஒருத்தி வரிசையைவிட்டுத் திரும்பி நேரே நம்மைப் பார்த்து நடந்து வந்து, கம்பளியை ஒதுக்கி, ஓரமாக மலைப்பாதையில் போனாள். பின் பெஞ்சில் யாரோ, "எங்க அப்பத்தா, எங்க அப்பத்தா" என்று அழுதார்கள். "சாந்தம்மாள்!" இன்னொருத்தி திரும்பினாள், சிரித்தபடி போனாள். ஐம்பது வருஷமாக மண்ணுக்குள் கிடந்தவர்கள் பேர் சொல்லக் கேட்டு ஒவ்வொருத்தியாக எழுந்து போவது மாதிரிதான் இருந்தது. வரிசை குறையக் குறைய, மிச்சம் நிற்கும் முதுகுகளில் எது, எது என்று ராமுத்தாயின் கண் ஓடியது. வாலிபன் மறுபடி வாய் திறந்தான். அவள் தொட்டாள்.

"ராமுத்தாய்!"

"இருக்கேன்யா."

சொன்னது பெஞ்சில் இருந்த அவள்தான். சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அத்தனை வருஷம் மழையிலும் காய்ச்சலிலும் அந்தக் குரலுக்கு அந்தப் பதிலைச் சொல்லிப் பழகின வாய், அவளைக் கேட்காமலே சொல்லிவிட்டது. இரண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள்.

திரையில் கடைசிக்கு முந்தின பெண் பாதி திரும்பியிருந்தாள். அப்படியே நின்றாள். பிறகு மெல்ல, தப்பாகக் காலெடுத்து வைத்தவள் போல, பழையபடி திரும்பி வரிசையில் நின்றுகொண்டாள். அடுத்த பேருக்கு அடுத்தவள் போனாள். வாலிபக் கங்காணி கும்பிட்டுவிட்டுப் படத்துக்கு வெளியே நடந்தான். களத்தில் அந்த ஒருத்தி மட்டும் சாரலில் முதுகைக் காட்டி நின்றாள். சுருள் தீரும்வரை நின்றாள்.

விளக்கைப் போட்டதும் கல்பாத்திக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"இது இப்படி இல்லையாக்கும்" என்றார். "பாலக்காட்டிலே நான் எத்தனை வாட்டி ஓட்டிப் பாத்திருக்கேன். எல்லாரும் போயிடுவா. கடைசியிலே களம் காலியாத்தான் கிடக்கும். ஒருத்தரும் நிக்கமாட்டா."

பெரியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்த மாதிரி அவசரமாக வெளியேறினார்கள். கல்பாத்திக்காரர் டேப்பைத் திருப்பிப் போட்டுக் கேட்டார். கிழவரின் குரல், கொஞ்சம் மௌனம், மறுபடி கிழவரின் குரல். 'ராமுத்தாய்' என்றதும் ஒரே ஒரு 'இருக்கேன்யா'. அவ்வளவுதான்.

"நீ ஏன்டி பாவி வாயத் தொறந்த?" என்றாள் இன்பமேரி. அவள் கையில் ஜெபமாலை வந்திருந்தது.

மொக்கையனுக்கு நடந்ததை எடுத்துச் சொன்னார்கள். அவர் ஆச்சரியப்படவே இல்லை. பெரட்டில் எவளோ ஒருத்தி வரிசை மாறி நின்றதைக் கேட்பது போலக் கேட்டார்.

"அவ செஞ்சது சரிதான. ஒரு பேருக்கு ஒரு குரல். முந்திக்கிட்டவளுக்குத்தான் பேரு. ரெண்டாவது ஒருத்தி வந்தா நான் திருப்பி அனுப்பிருவேன்ல? எல்லாத்துக்கும் தெரியும் அது."

வெள்ளத்தில் போனவள் எங்கேயோ நிம்மதியாகப் போயிருப்பாள் என்றுதான் ராமுத்தாய் இத்தனை நாள் நினைத்திருந்தாள். தினம் விடிகாலை தான் பதில் சொல்லச் சொல்ல, ஒருத்தி களத்தில் நனைந்துகொண்டே நின்றாளா? வேலையும் இல்லாமல், வீடும் இல்லாமல், சொல்லிக்கொள்ள ஒரு பேரும் இல்லாமல்?

"சார், இன்னொரு தடவ ஓட்டுங்க. நான் பேச மாட்டேன்."

"எனக்கே பேடியா இருக்கு, அம்மா" என்றார் அவர். பயம் என்பதை ஒளிக்கிற ஆள் இல்லை. ஆனாலும் சுருளைச் சுற்றினார். பிள்ளைகள் ரயிலை இன்னொரு முறை பார்க்கலாம் என்று பாயைவிட்டு நகரவே இல்லை.

ரயில் போயிற்று. களம் வந்தது. ராமுத்தாய் முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். பெரியம்மாள் போனாள், சாந்தம்மாள் போனாள். அந்த முதுகு இப்போது அவளுக்குத் தெரியும். ஒரு தோள் சற்று இறங்கியிருந்தது, அவளுக்கு இருப்பது போலவே. முறை வந்தது.

"ராமுத்தாய்!"

மன்றத்தில் தகரக் கூரைமேல் சாரல் விழும் சத்தம் மட்டும் கேட்டது. திரையில் அவள் அசையவில்லை.

"போறாளா?" என்று கேட்டார் கிழவர்.

"இல்லய்யா."

வாழ்நாளில் ஒரு பேரை இரண்டாம் தடவை கூப்பிட்டிராத மனிதர், அன்றைக்குக் கூப்பிட்டார். "ராமுத்தாய்!" ஊஹும். அது தன் பேர் என்கிற நினைப்பே அந்த முதுகில் இல்லை. கடைசிப் பெண்ணும் போனாள். வாலிபக் கங்காணி கும்பிட்டுவிட்டு நடந்தான். அவள் மட்டும் நின்றாள். சுருள் மெலிந்துகொண்டு வருவதைக் கல்பாத்திக்காரர் கையை ஆட்டிக் காட்டினார்.

அந்தப் பேர் இனி அவளுக்கு ஆகாது, நான்தான் போட்டுக் கிழித்துவிட்டேனே என்று ராமுத்தாய்க்குத் தோன்றியது. வேறு எந்தப் பேருக்குத் திரும்புவாள்? ஒரு பொம்பளை தன் பேரையே மறந்தாலும் எந்தப் பேரைக் கேட்டால் திரும்புவாள்? இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாயிலிருந்த துணியை எடுத்தாள்.

"கங்காணியய்யா, மூக்கம்மான்னு கூப்பிடுங்க."

"அப்படி ஒருத்தி செக்ரோல் ஏட்டுல இல்லயே ஆத்தா."

"இருந்தா. நான்தான். கூப்பிடுங்கய்யா, ஒங்க காலத் தொட்டுக் கேக்கேன்."

கிழவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்தப் பேர் இந்த மலையில் கேட்டு எத்தனை காலமோ!

"மூக்கம்மா!"

கம்பளி அசைந்தது. வெடுக்கென்றுதான் திரும்பினாள், பிள்ளை விழுந்துவிட்டது என்று கேட்டவள் திரும்புவது போல. திரும்பி, பதறி நடந்து வந்து, தலையிலிருந்த கம்பளியைத் தள்ளினாள். ராமுத்தாய்க்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஐயோ, சின்னப் பிள்ளை இது! அவளுடைய இளைய மகளைவிடச் சின்னவளாக இருந்தாள். மாநிறம். மழை ஒழுகும் அகன்ற நெற்றி. மூக்கில் கறுத்த ஒரு பித்தளைப் பொட்டு.

ஆனால் அவள் ராமுத்தாயைப் பார்க்கவில்லை. பெஞ்சுப் பக்கம் கண்ணைத் தூக்கவே இல்லை. அவள் தேடியது தரையில். சாக்கின்மேல் விட்டுவிட்டு வந்த தவழும் பிள்ளையைத் தேடுகிற கண், கீழேயே அலைந்தது. நரைத்த தலையோடு உயரத்தில் உட்கார்ந்திருக்கிற கிழவியிடம் அதற்கு என்ன வேலை?

ராமுத்தாய் கிழவரின் கையை விட்டாள். பெஞ்சிலிருந்து இறங்கினாள். முழங்கால் மளுக்கென்று சத்தம் போட, கையை ஊன்றித் தவழ்ந்து, பாயில் பிள்ளைகளுக்கு நடுவே இடம் பண்ணி உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த சிறுமி ஒதுங்கி வழிவிட்டாள். திரையில் அந்தக் கண்கள் பாயின் ஓரத்திலிருந்து, இது இல்லை, இதுவும் இல்லை என்று ஒவ்வொரு பிள்ளையாகத் தள்ளிக்கொண்டு வந்தன.

"இருக்கேன்த்தா" என்றாள் மூக்கம்மாள். முந்தானையால் முகத்தைத் துடைத்து, நன்றாகத் தெரியும்படி வெளிச்சத்துக்கு நேரே நிமிர்த்தி வைத்துக்கொண்டாள்.