வாளியிடம் யார் சொல்வது

அப்பாவின் வலது காலில் மட்டும் இருந்த சாக்ஸை அவள் கழற்றிக்கொண்டிருந்தபோது, கதவு ஆணியில் தொங்கிய அவருடைய சட்டைப் பையிலிருந்து போன் அடித்தது. அறையில் இருந்த எல்லோரும் சட்டையைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா மட்டும் பார்க்கவில்லை.

"யாரு?" என்றாள் அம்மா. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவள் எழவில்லை.

அண்ணன் போனை எடுத்துத் திரையைப் பார்த்தான். உடனே சூடான பாத்திரத்தைக் கைமாற்றுவதுபோலத் தங்கையிடம் நீட்டினான்.

திரையில் 'வாளி' என்று இருந்தது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். வாளி என்பவர் பேக்கரியில் ரொட்டி போடுகிறவர். பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரும் ஒரே பெஞ்ச். ஒரு நாள் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு ஒரு படம் பார்த்தார்கள். கறுப்பு வெள்ளைப் படம். பாழுங்கிணற்றில் விழுந்த கன்றுக்குட்டியைப் பெரியவர்களுக்குத் தெரியாமல் மேலே தூக்கப் பார்க்கும் இரண்டு பையன்களின் கதை. ஒருவன் கயிறு கொண்டு வருவான், இன்னொருவன் வாளி கொண்டு வருவான். தியேட்டரை விட்டு வெளியே வந்ததிலிருந்து அப்பா கயிறு, அவர் வாளி. அம்மாவுக்கே சமயத்தில் அவருடைய உண்மைப் பெயர் நினைவுக்கு வராது.

வருஷத்துக்கு ஒரு தடவை வாளி மாமா பஸ் ஏறி வந்துவிடுவார். இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்ப்பார்கள். பார்த்து முடித்ததும் சண்டை. கடைசிக் காட்சியில் ஒரு பையனின் குடும்பம் ஊரைக் காலி செய்துகொண்டு போகும். சாமான் ஏற்றிய லாரியின் உச்சியில் உட்கார்ந்து அவன் தூரமாய்ப் போவான். முகம் கடுகளவு தெரியும். அவன் அழுகிறானா, சிரிக்கிறானா? சிரிக்கிறான் என்பது அப்பாவின் கட்சி. அழுகிறான் என்பார் வாளி மாமா. தலை நரைத்தும் தீராத வழக்கு.

இன்றைக்குத்தான் அந்த நாள். அப்பா குளித்துவிட்டு பஸ் ஸ்டாப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "அந்தச் சட்டையை எடு" என்றார். அவள் ஆணிக்குக் கை நீட்டுவதற்குள் கட்டிலில் சாய்ந்துவிட்டார். தெருமுனை டாக்டர் ஓடி வந்து மார்பில் குழாயை வைத்துப் பார்த்தார். பிறகு தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வாளி மாமா முந்தின ராத்திரியே பஸ் ஏறியிருந்தார். அவர் வீட்டுக்குத்தான் அண்ணன் முதலில் சொன்னான். எடுத்தது மாமாவின் மனைவி, அத்தை. ஓவென்று அழுதவள் சட்டென்று நிறுத்திவிட்டுக் கெஞ்சினாள்.

"போன்ல மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்கப்பா. நெஞ்சுல ஸ்டென்ட் வச்சு இன்னும் முழுசா தேறலை. அதிர்ச்சியே கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு. பஸ்ல தனியா இருக்காரு. ஏதாவது ஆச்சுன்னா யாரு பாப்பாங்க? நேர்ல வந்ததும் உட்கார வச்சு மெதுவா சொல்லுங்க."

போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"எடு. எடுக்கலைன்னா சந்தேகப்படுவாரு" என்றான் அண்ணன்.

சலவைக் கடையில் பின்கட்டில் நின்று இஸ்திரி போடுகிறவள் அவள். முன்னால் வந்து வாடிக்கையாளரிடம் துணி வாங்கச் சொன்னால்கூட வார்த்தை தொண்டையில் சிக்கும். பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

"டேய் கயிறு!" பஸ் இரைச்சலுக்கு மேலே குரல் கேட்டது. "இன்னைக்கு நீ செத்தடா! நல்ல பிரிண்ட் ஒண்ணு பிடிச்சிருக்கேன். பேக்கரிக்கு வர்ற காலேஜ் பையன் பென் டிரைவ்ல போட்டுக் குடுத்தான். மூஞ்சி கண்ணாடி மாதிரித் தெரியுதாம். நான் இன்னும் பாக்கலை, உன்கூட உட்கார்ந்துதான் பாக்கணும்னு வச்சிருக்கேன். டேய், கேக்குதா?"

"மாமா... நான்தான்."

"நீயாம்மா? கயிறு எங்க? பயந்து ஒளிஞ்சிட்டானா?"

அவள் கட்டிலைப் பார்த்தாள். அம்மா போர்வையின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"அப்பா... ஒரு பில்டிங்ல லிஃப்ட் நின்னுபோச்சு மாமா. உள்ளே ஆள் மாட்டிக்கிச்சு. அவசரம்னு போயிருக்காரு."

இரைச்சல் மட்டும் கேட்டது.

"இன்னைக்கா?" என்றார் மாமா.

"ஆமா மாமா."

"போனை விட்டுட்டா போனான்?"

"மறந்துட்டாரு."

"சரிம்மா" என்றது குரல். போன் அணைந்தது.

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். "வேற பொய்யே கிடைக்கலையா உனக்கு? தூங்குறாரு, குளிக்கிறாருன்னு எதையாவது சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. படம் பார்க்கும் நாளில் அப்பா வேலைக்குப் போனதே கிடையாது. ஒரு வருஷம் ஒரு கட்டடத்தின் முதலாளியே போன் செய்து கத்தினார். "மாடிப்படி எதுக்குக் கட்டியிருக்கீங்க சார்? ஒரு நாள் ஏறிப் பாருங்க, உடம்புக்கு நல்லது" என்று சொல்லிவிட்டு வைத்தார் அப்பா. பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவர் வாளி மாமா. உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லக்கூடிய பொய்யை, சொல்லவே கூடாத ஒரே ஆளிடம் சொல்லிவிட்டாள்.

உடனே திருப்பி அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள். எடுக்கவில்லை. சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தன் போனிலிருந்து அடித்தாள். அதையும் எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அத்தை கூப்பிட்டாள். "எனக்கும் எடுக்க மாட்டேங்கிறாரும்மா. நீங்க ஏதாவது சொல்லிட்டீங்களா?"

"இல்லத்தை" என்றாள். அது பொய்யா மெய்யா என்று அவளுக்கே தெரியவில்லை.

வாசலில் வாடகை நாற்காலிகள் வந்து இறங்கின. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். யாரோ அண்ணனிடம் வண்டி எப்போது வரும் என்று கேட்டார்கள். செருப்புகள் படியைத் தாண்டித் தெருவரை பரவிவிட்டன. மாமா தெரு திரும்பினால் முதலில் கண்ணில் படப்போவது அதுதான்.

"நான் பஸ் ஸ்டாப்புக்குப் போறேன்" என்றாள்.

"நீயா? நீ என்னத்தைச் சொல்லிக் கிழிப்பே? நான் போறேன்."

"நீ படார்னு போட்டு உடைச்சிருவே. நானே போறேன்."

அம்மா முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினாள். "போகட்டும்டா. அவருக்கு இவன்னா உசுரு. தண்ணி பாட்டில் எடுத்துக்கோ."

வழியெல்லாம் வாக்கியங்களை மடித்து மடித்துப் பார்த்தாள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை மாமா. அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கு மாமா. ஒவ்வொன்றும் வேறு யாருடைய சட்டையோபோல இருந்தது. எந்தப் பக்கம் மடித்தாலும் கை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

ஸ்டாப்பில் பஸ் வந்திருக்கவில்லை. நேரம் தாண்டியிருந்தது. வழியில் பஸ்ஸை நிறுத்தியிருப்பார்களோ? யாரையாவது இறக்கிப் படுக்க வைத்து முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார்களோ? டிக்கெட் கூண்டில் ஒரு ஆள் செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார். அவள் இரண்டு தடவை கூண்டு வரை போய்த் திரும்பினாள். மூன்றாவது தடவை வாய் திறந்தது.

"சார், ராத்திரி வண்டி... வழியில யாருக்காவது உடம்பு முடியாம போச்சுன்னு தகவல் ஏதாவது வந்துச்சா?"

அவர் விசிறுவதை நிறுத்தினார். "ஏம்மா, வாயில நல்ல வார்த்தையே வராதா? டயர் பஞ்சர், அவ்வளவுதான். வந்துரும்."

வந்தது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். குழந்தையைத் தோளில் போட்ட பெண், பெட்டி தூக்கிய இரண்டு பேர், தூக்கக் கலக்கத்தில் ஒரு மாணவன். மாமா இல்லை. பஸ் காலியாகிவிட்டது என்று அவள் நினைத்தாள். ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே பின்பக்கம் ஓடினாள்.

பின் படிக்கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாளி மாமா மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தார். தோளில் பை. கையில் தாளில் சுற்றிய ரொட்டி. அவளைப் பார்த்தார். அவள் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்றும் ஒரு தடவை பார்த்தார்.

"மாமா..."

"இரும்மா. முதல்ல உட்காரலாம்."

நிழற்குடை பெஞ்சில் அவரே அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பாட்டிலை வாங்கி இரண்டு மடக்குக் குடித்தார். சட்டைப் பையிலிருந்து வெறும் மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார்.

"போட்டுட்டேன். பஞ்சர் ஒட்டுறப்பவே போட்டுட்டேன். உன் போனையும் பாத்தேன், அத்தை போனையும் பாத்தேன். எடுத்தா நீ சொல்லிடுவே. பஸ்ஸுக்குள்ள கேட்டுட்டு நான் எங்க போயி விழறது? அதான் சத்தத்தைக் குறைச்சுப் பைக்குள்ள போட்டுட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இப்ப சொல்லு."

அவள் சொன்னாள். மடித்து வைத்த எதுவும் உதவவில்லை. இரண்டே வார்த்தைதான் வந்தது.

மாமா தலையை ஆட்டினார். யாரோ வழி சொல்லக் கேட்டுக்கொள்கிறவர்போல ஆட்டிக்கொண்டே இருந்தார். அவள் அவர் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டை ஏறி இறங்கியது. மறுபடியும் ஏறியது.

"மாமா, வலிக்குதா?"

"இல்லம்மா. அத்தைக்குப் போன் போடு. நல்லபடியா இறங்கிட்டேன்னு சொல்லு."

சொன்னாள். அந்தப் பக்கத்து அழுகையைக் காதில் வாங்கிக்கொண்டு வைத்தாள்.

"என்ன பண்ணிட்டிருந்தான்?" என்றார் மாமா, சாலையைப் பார்த்தபடி.

"கிளம்பிட்டிருந்தாரு மாமா."

"எங்க?"

"இங்கதான்."

மாமா ரொட்டிப் பொட்டலத்தை மடியில் நேராக வைத்தார். தாளின் பிரிந்த ஓரத்தை உள்ளே செருகினார். அது மறுபடி பிரிந்தது. மறுபடியும் செருகினார்.

டவுன் பஸ் ஒன்று அவர்களுக்கு எதிரே வந்து நின்றது. கதவு திறந்தது. ஏறப்போகிறார்களா என்று டிரைவர் குனிந்து பார்த்தார். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. திறந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்து யாரும் இறங்கவில்லை. டிரைவர் இன்னும் கொஞ்சம் காத்திருந்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.